டிக்கியில் ஒரு ஃப்ரிட்ஜ்: வாசகர் கேள்வி பதில்

கேம்பிங்குக்கும் ஃபோர் வீல் டிரைவ் பயணங்களுக்கும் எடுத்துப் போகும் ஃப்ரிட்ஜ் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

‘கார் ஃப்ரிட்ஜ்’ என்ற ஒரே பெயரில் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, இன்னொன்று பல மடங்கு விலை. இரண்டிலும் 12 வோல்ட் என்றுதான் போட்டிருக்கிறது. என்ன வித்தியாசம்? (கோவை வாசகர்)

மலிவானது அநேகமாக பெல்டியர் வகை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு தகடு, இரண்டு மின்விசிறி, அவ்வளவுதான் அதற்குள். வெளியே இருக்கும் வெப்பத்திலிருந்து 15 முதல் 20 டிகிரி வரைதான் அதனால் குறைக்க முடியும். ஊட்டியில் பால் கெடாது. சித்திரை வெயிலில் வண்டிக்குள் 38 டிகிரி இருந்தால் பெட்டிக்குள் 18 டிகிரி. பால் திரிந்துவிடும், மீனைப் பற்றிப் பேசவே வேண்டாம். வேண்டிய குளிர் வந்ததும் நிறுத்தும் தெர்மோஸ்டாட்டும் பெரும்பாலான பெல்டியர் பெட்டிகளில் கிடையாது. 4 முதல் 5 ஆம்பியரை நிற்காமல் இழுக்கும். ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் 100 ஏ.எச். (ஆம்பியர்-மணி, அதாவது ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய அளவு) வரை போகிறது. குறைவாகக் குளிர வைத்து அதிகமாக மின்சாரம் தின்னும் பொருளுக்கு மலிவு என்று பெயர்.

விலை கூடியது கம்ப்ரசர் வகை. வீட்டு ஃப்ரிட்ஜ் வேலை செய்யும் அதே முறை, 12 அல்லது 24 வோல்ட்டில். வெளியே வெயில் கொளுத்தினாலும் மைனஸ் 18 வரை இறங்கும். வேண்டிய குளிர் வந்ததும் கம்ப்ரசர் நின்றுவிடும். ஓடும்போது 4 ஆம்பியர் எடுக்கும் ஒரு 40 லிட்டர் பெட்டி, வெளியே 32 டிகிரி, உள்ளே 4 டிகிரி என்றால் ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் ஓடும்: ஏறக்குறைய 32 ஏ.எச். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் அது 50ஐத் தொடலாம். ஃப்ரீசராக வைத்தால் 60, 70 என்று ஏறும்.

கடையில் அடையாளம் காண்பது சுலபம். அட்டைப்பெட்டியில் சிறிய எழுத்தில் ‘வெளி வெப்பத்தைவிட 20 டிகிரி குறைவு’ என்று இருந்தால் பெல்டியர். ‘மைனஸ் 18’, ‘மைனஸ் 20’ என்று இருந்தால் கம்ப்ரசர். ஒரு கையால் லேசாகத் தூக்க முடிந்தாலும் சந்தேகப்படுங்கள்.

கம்ப்ரசரிலும் தரம் உண்டு. டான்ஃபாஸ் என்று பழைய ஆட்கள் சொல்வது, 2010இல் கைமாறிய பிறகு செகாப் என்ற பெயரில் வருகிறது. எங்கெல் பெட்டிகளில் இருப்பது ஜப்பானின் சவாஃபுஜி செய்யும் ‘ஸ்விங் மோட்டார்’. அசையும் பாகங்கள் மிகக் குறைவு என்பதால் குலுக்கலைத் தாங்கும். பெயர் தெரியாத கம்ப்ரசர் உள்ள பெட்டியும் மாதம் ஒரு வாரக்கடைசிக்குப் போதும். ஆனால் சுவரைத் தட்டிப் பாருங்கள், மூடியின் கனத்தைப் பாருங்கள். காப்பு நுரை மெலிந்த பெட்டியில் நல்ல கம்ப்ரசர் இருந்தும் பயனில்லை.

டீசல் ஜீப். தனி பேட்டரி கிடையாது. ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ் ஓடினால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகுமா? (மதுரை வாசகர்)

ஒரு ராத்திரி என்றால் ஆகும், பேட்டரி நல்ல நிலையில் இருந்தால். இரவில் வெப்பம் குறைவு, மூடியையும் யாரும் திறப்பதில்லை. 10 மணி நேரத்தில் 10 முதல் 13 ஏ.எச். போகும். 60 ஏ.எச். பேட்டரி அதைத் தாங்கிக்கொள்ளும். மறுநாள் வண்டியை எடுக்காமல் அங்கேயே தங்கினால் கணக்கு உதைக்கும். ஸ்டார்ட்டிங் பேட்டரி ஒரே இழுப்பில் நிறைய மின்சாரம் கொடுப்பதற்காகச் செய்யப்பட்டது. அடிக்கடி பாதிக்குக் கீழே வடிந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து சீக்கிரம் செத்துவிடும்.

ஃப்ரிட்ஜில் பேட்டரி பாதுகாப்பு என்று மூன்று நிலை இருக்கும். உங்கள் வண்டிக்கு அது எப்போதும் ‘ஹை’யில்தான் இருக்க வேண்டும், பல மாடல்களில் 11.8 வோல்ட்டை ஒட்டித் துண்டித்துவிடும். ‘லோ’ என்பது 10 வோல்ட் பக்கம் வரை உறிஞ்சும். அதற்குப் பிறகு வண்டியைத் தள்ள வேண்டியதுதான்.

சிக்னலில் தானாக அணையும் ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டியாக இருந்தால் இன்னொரு விஷயம். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் ஒரு சென்சார் இருக்கும். ஃப்ரிட்ஜின் நெகட்டிவ் ஒயரை நேராக அந்த முனையில் மாட்டினால் போகும் மின்சாரம் சென்சாரின் கணக்கில் வராது. சேஸிஸில் மாட்டுங்கள்.

இரண்டாவது பேட்டரி வைக்க இடமில்லை என்றால் கையில் தூக்கிப் போகும் பேட்டரிப் பெட்டியான 500 வாட்-மணி பவர் ஸ்டேஷன் ஒன்று ஏறக்குறைய ஒரு நாள் தாங்கும். அதன் 12 வோல்ட் சாக்கெட்டில் மாட்டுங்கள். 230 வோல்ட் பிளக்கில் மாட்டினால் இன்வெர்ட்டரிலேயே ஒரு பங்கு வீணாகும்.

வீட்டுக் கரண்டில் ஒழுங்காக ஓடும் 45 லிட்டர் ஃப்ரிட்ஜ், வண்டியின் பின்பக்க சாக்கெட்டில் மாட்டினால் அரை மணியில் நின்றுவிடுகிறது. பேட்டரியில் அளந்தால் 12.4 வோல்ட் காட்டுகிறது. ஃப்ரிட்ஜ் பழுதா? (பெர்த் வாசகர்)

ஃப்ரிட்ஜ் நல்லபடி இருக்கிறது. ஒயர்தான் மெலிந்தது. இந்தப் புகாரோடு பழுது பார்க்க வரும் பெட்டிகளில் பல, பழுதே இல்லாதவை.

கணக்கைப் பாருங்கள். பானெட்டுக்குள் இருக்கும் பேட்டரியிலிருந்து பின்பக்கம் வரை 6 மீட்டர். போக வர 12 மீட்டர் செம்பு. தொழிற்சாலையில் போட்ட ஒயர் 1.5 சதுர மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். தடை 0.14 ஓம். 5 ஆம்பியர் ஓடும்போது 0.7 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. பேட்டரியில் 12.4 இருந்தாலும் ஃப்ரிட்ஜுக்குப் போய்ச் சேர்வது 11.7. பாதுகாப்பு ‘ஹை’யில் இருந்தால் 11.8இல் துண்டிப்பு. துண்டித்ததும் ஒயரில் ஓட்டம் இல்லை, வோல்டேஜ் பழையபடி ஏறிவிடும். அதனால்தான் மீட்டர் பிடித்துப் பார்க்கும்போது எல்லாம் சரியாகத் தெரிகிறது. ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது, அதன் பிளக் முனையில் அளந்தால்தான் உண்மை தெரியும்.

டான்ஃபாஸ் பி.டி.35 கம்ப்ரசருக்கு நிறுவனமே கொடுத்த அளவு, 12 வோல்ட்டில்: 2.5 சதுர மி.மீ. ஒயர் 2.5 மீட்டர் வரை, 4 என்றால் 4 மீட்டர், 6 என்றால் 6 மீட்டர், 10 என்றால் 10 மீட்டர். மனப்பாடம் செய்யத் தேவையே இல்லாத அட்டவணை. 24 வோல்ட்டில் தூரம் இரண்டு மடங்கு.

ஆஸ்திரேலியக் கடைகளில் ஒரு பொறி இருக்கிறது. அங்கே ‘6 மி.மீ. ஆட்டோ கேபிள்’ என்று விற்பதில் 6 என்பது மேலுறையோடு சேர்த்த விட்டம். உள்ளே செம்பு 4.6 சதுர மி.மீ. அளவுதான். நீங்கள் கேட்க வேண்டியது ‘8 பி அண்ட் எஸ்’ என்ற ஒயர் அளவு. அதில் 8 சதுர மி.மீ. அளவுக்குச் செம்பு இருக்கும்.

பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் போடுங்கள். ஃபியூஸ் காப்பது ஒயரை. பின்பக்கம் ஃபியூஸ் போட்டு, நடுவில் ஒயர் உராய்ந்து சேஸிஸைத் தொட்டால் தீதான். ஃப்ரிட்ஜுக்கு மட்டும் போகும் ஒயர் என்றால் 15 ஆம்பியர் போதும். முனையில் சிகரெட் லைட்டர் சாக்கெட் வேண்டாம். அதன் ஸ்பிரிங் தொடுப்பு கரடுமுரடான பாதையில் குலுங்கிக் குலுங்கி விட்டுவிட்டுத் தொட்டுச் சூடாகி, பிளாஸ்டிக்கை உருக்கும். இறுக்கமாகக் கவ்வும் 50 ஆம்பியர் ஆண்டர்சன் பிளக் போடுங்கள், இல்லையென்றால் திருகிப் பூட்டும் வகை. முனைகளைச் சரியான கருவியால் அழுத்திப் பொருத்துங்கள் (கிரிம்ப்), கட்டிங் பிளையரால் நசுக்காதீர்கள்.

டான்ஃபாஸ், செகாப் கன்ட்ரோலரில் எல்.இ.டி. இருந்தால் அது சிமிட்டுவதை எண்ணுங்கள். 1 முறை என்றால் வோல்டேஜ் குறைவு. 2 என்றால் மின்விசிறி அதிக கரண்ட் இழுக்கிறது. 3 என்றால் கம்ப்ரசர் கிளம்பவில்லை, 4 வேகம் எட்டவில்லை, 5 கன்ட்ரோலர் சூடாகிவிட்டது. உங்களுடையது ஒற்றைச் சிமிட்டலாகத்தான் இருக்கும். 5 வந்தால் காற்றோட்டத்தைப் பாருங்கள்: காற்று போய்வரும் கிரில் பக்கம் படுக்கை மூட்டையைத் திணித்திருப்பீர்கள்.

பின்னால் இரண்டாவது பேட்டரி வைக்கிற எண்ணம் இருந்தால், புதிய வண்டிகளின் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டரோடு (ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்வது) பழைய ஐசொலேட்டர் (இரண்டு பேட்டரியையும் இணைத்துப் பிரிக்கும் சுவிட்ச்) ஒத்துப்போகாது. ஆல்டர்னேட்டர் எரிபொருளை மிச்சப்படுத்த வோல்டேஜை இறக்கும்போது ஐசொலேட்டர் தொடர்பை அறுத்துவிடும். நாள் முழுக்க ஓட்டியும் பேட்டரி நிறையாது. வரும் வோல்டேஜ் குறைந்தாலும் அதை உயர்த்திச் சார்ஜ் செய்யும் 20 அல்லது 25 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜர்தான் வழி.

மெல்போர்னிலிருந்து நல்லபோர் (Nullarbor) என்ற வறண்ட சமவெளி வழியாக பெர்த் வரை, நால்வர். 60 லிட்டர் ஒரே அறையா, இரண்டு அறையா? (மெல்போர்ன் வாசகி)

இரண்டு அறை, ஐஸும் உறைந்த இறைச்சியும் உண்மையிலேயே வேண்டும் என்றால் மட்டும். நடுச்சுவரே இடத்தைச் சாப்பிடும், மின்சாரமும் கூடும். நல்லபோர் வழியில் ரோட்ஹவுஸ்கள் (பெட்ரோலும் சாப்பாடும் கிடைக்கும் வழிக்கடைகள்) உண்டு. நால்வருக்கு 50 லிட்டர் ஒற்றை அறை தாராளம்.

லிட்டரை நம்பி வாங்காமல் பாட்டிலோடு கடைக்குப் போங்கள். நீங்கள் வாங்கும் பால் பாட்டில் நின்றபடி உள்ளே போய் மூடி மூட வேண்டும். படுக்க வைத்த பால் எந்த ரோட்டிலும் கசியும். பிறகு டிக்கியை அளங்கள்: பெட்டியின் அளவோடு, கிரில் பக்கம் ஒரு கையளவு இடைவெளி, மேலே மூடி முழுக்கத் திறக்க உயரம். எடையும் இருக்கிறது. காலிப் பெட்டி 20 கிலோவுக்கு மேல், பெட்டியை வெளியே இழுக்கும் ஸ்லைடு 15 கிலோ, உணவு 25, 30 கிலோ. இதை வண்டியின் கொக்கிகளில் ராட்செட் பட்டையால் நான்கு மூலையிலும் கட்ட வேண்டும். பிரேக் அடிக்கும்போது 70 கிலோ பின்னாலிருந்து பறந்து வரும் என்பதை நினைவில் வைத்துக் கட்டுங்கள்.

கிளம்புவதற்கு முந்தைய நாளே வீட்டுக் கரண்டில் ஓடவிட்டு, ஏற்கெனவே குளிர்ந்த பொருட்களை மட்டும் அடுக்குங்கள். சூடான சாம்பாரை உள்ளே வைத்தால் அதை ஆற்றவே உங்கள் பேட்டரியில் கால்வாசி போய்விடும். இட்லி மாவு எடுத்துப் போவதாக இருந்தால் டப்பாவில் முக்கால் அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள். 3 டிகிரியிலும் மெதுவாகப் பொங்கும், குலுங்கினால் இன்னும் பொங்கும். இறைச்சி அடியில், கீரையும் தக்காளியும் மேல் கூடையில். அடியிலும் சுவரோரத்திலும் இருப்பவை உறைந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: மேற்கு ஆஸ்திரேலிய எல்லையில், யூக்லா பக்கம், சோதனைச் சாவடி இருக்கிறது. பழம், பெரும்பாலான பச்சைக் காய்கறி, தேன் எல்லாம் அங்கேயே போடச் சொல்வார்கள். ஃப்ரிட்ஜைத் திறந்து காட்ட வேண்டும். அதற்கு முன்பே சமைத்துத் தீர்த்துவிடுங்கள். திரும்பி வரும்போது தெற்கு ஆஸ்திரேலியாவின் செடூனாவிலும் இதே கதைதான்.

கேஸ், 12 வோல்ட், வீட்டுக் கரண்ட் மூன்றிலும் ஓடும் பெட்டி வாங்கலாமா? (கொழும்பு வாசகர்)

ஒரே இடத்தில் வாரக்கணக்கில் முகாம் போடுபவருக்கு மட்டும். அது சமதளத்தில் நிற்க வேண்டும். இரண்டு மூன்று டிகிரி சாய்ந்தாலே குளிர்விப்பு தடுமாறும். ஃபோர் வீல் டிரைவ் பாதைக்கு இது எதிரி. 12 வோல்ட்டில் பெல்டியரைவிட மோசமாக இழுக்கும். கேஸில் ஓடும்போது மூடிய வண்டிக்குள்ளோ டென்ட்டுக்குள்ளோ வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

சர்க்கரை நோயாளி. இன்சுலினை இதில் வைக்கலாமா? (நெல்லை வாசகர்)

கம்ப்ரசர் பெட்டியில் வைக்கலாம், கவனத்தோடு. திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி. ஒருமுறை உறைந்தால் குப்பையில்தான் போட வேண்டும். உருகிய பிறகு பார்வைக்குச் சரியாகத் தெரிந்தாலும் பயன்படுத்தக் கூடாது. ஃப்ரிட்ஜில் திரை 4 என்று காட்டும் நேரத்தில் சுவர் மைனஸில் இருக்கலாம், ஏனென்றால் குளிர்க்குழாய் சுவருக்குள் ஓடுகிறது. 5 டிகிரியில் வையுங்கள். மருந்தைச் சிறு டப்பாவில் போட்டு, டவல் சுற்றி, மேல் கூடையின் நடுவில், சுவரைத் தொடாமல். அதனருகே குறைந்தபட்ச, அதிகபட்ச வெப்பத்தைப் பதிந்துவைக்கும் ஒரு தெர்மாமீட்டர். பெட்டியில் ஃப்ரீசராக எதையும் உறைய வைக்கிற பயணத்தில் இன்சுலினை அதில் வைக்காதீர்கள். பயன்பாட்டில் இருக்கும் பேனாவை வெளியே எத்தனை நாள் வைக்கலாம் என்பது மருந்துக்கு மருந்து மாறும். உள்ளே இருக்கும் தாளைப் படியுங்கள்.

100 வாட் சோலார் பேனல் போதுமா? (ஓசூர் வாசகர்)

நல்ல வெயிலில் 25 ஏ.எச். பக்கம் கிடைக்கும். 40 லிட்டர் பெட்டிக்குக் கொஞ்சம் பற்றாது. 160 அல்லது 200 வாட் வாங்குங்கள். பேனல் வெயிலில், வண்டி நிழலில் இருக்க வேண்டும். கூரையில் ஒட்டிய பேனலுக்காக வண்டியை வெயிலில் விட்டால் சம்பாதித்ததை ஃப்ரிட்ஜே தின்றுவிடும்.

பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்ப்பது? (திருச்சி வாசகர்)

ஒரு மணி நேரம் இல்லாமல் போகாதீர்கள். காலிப் பெட்டியை, 12 வோல்ட்டில் (வீட்டுக் கரண்டில் அல்ல) ஓடவிடச் சொல்லுங்கள். நிழலான அறையில் ஒரு மணிக்குள் 0 டிகிரிக்கு வரவேண்டும். கம்ப்ரசர் நிற்காமல் ஓடியும் குளிர் வரவில்லை என்றால் உள்ளே குளிரூட்டும் கேஸ் கசிந்திருக்கலாம், வேண்டாம். மூடி ரப்பரில் 10 ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுங்கள், நான்கு பக்கமும். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது. புதிது கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு விலை பேசுங்கள். வீட்டுக்குப் படுக்கப்போட்டுக் கொண்டுவந்தால் நிமிர்த்தி சில மணி நேரம் கழித்துத்தான் ஆன் செய்யலாம். கம்ப்ரசர் ஆயில் திரும்ப இறங்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்துத் திறந்தால் குடலைப் புரட்டும் வாடை. என்ன செய்வது? (சேலம் வாசகி)

சமையல் சோடா கரைத்த வெதுவெதுப்பான நீரில் துடையுங்கள். மூடி ரப்பரின் மடிப்பையும், அடியில் உள்ள வடிகால் அடைப்பானையும் கழற்றித் துடையுங்கள். வாடை பெரும்பாலும் அந்த இரண்டு இடத்தில்தான் குடியிருக்கும். முழுக்கக் காய்ந்த பிறகு, மூடிக்கிடையில் ஒரு துணியைச் சுருட்டி வைத்து, இரண்டு விரல் இடைவெளி விட்டு வையுங்கள்.