மீன் கரைகிறது, பால் திரிகிறது: தீயைக் குறையுங்கள்

கேள்வி: நான் ஹட்டன் பக்கத்தைச் சேர்ந்தவள். வேலை மாற்றலாகித் திருகோணமலைக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. உப்புவெளியில் ஒரு சைவக் குடும்பத்தின் வீட்டுப் பின்னறையில் இருக்கிறேன். ஒற்றைக் காஸ் அடுப்பும் சின்ன பிரிட்ஜும் உண்டு. எங்கள் வீட்டில் கருவாடும் ரின்மீனும்தான் அதிகம், பச்சை மீன் சமைத்துப் பழக்கமில்லை. இங்கே குழம்பு வைத்தால் மீன் கரைந்து முள் மட்டும் மிஞ்சுகிறது. சொதி வைத்தால் பால் திரிகிறது. பொரித்தால் தோல் தாச்சியோடு போய்விடுகிறது. மாலை ஐந்தரைக்குத்தான் அறைக்கு வருவேன். ஒரு மணித்தியாலத்துக்குள் முடிகிற இராச்சாப்பாடு சொல்வீர்களா? மணம் வீட்டுக்காரர் பக்கம் போய்விடுமோ என்ற பயமும் இருக்கிறது.

பதில்: மகள், மீன் கரைவதும் பால் திரிவதும் இரண்டு பிழை இல்லை, ஒரே பிழை. அடுப்பு கூட எரிகிறது, கூட நேரம் எரிகிறது. நான் முப்பது வருடம் மனையியல் படிப்பித்தவள். என்னிடம் படித்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் இறைச்சி சமைக்கிற மாதிரியே மீனைச் சமைத்தார்கள். ஆட்டிறைச்சியில் தசையைக் கட்டிவைத்திருக்கும் சவ்வு தடிப்பானது, அது இளக ஒரு மணித்தியாலம் வேண்டும். மீன் நீரில் மிதக்கிற உயிர், தன் பாரத்தைத் தானே தாங்க வேண்டிய தேவை அதற்குக் குறைவு. அதனால் அதன் சவ்வும் மெல்லியது, கொஞ்சம்தான். ஐம்பது பாகை வெப்பத்திலேயே அது இளகத் தொடங்கும், அறுபதைத் தாண்டினால் மீன் வெந்துவிட்டது. உங்கள் குழம்போ நூறு பாகையில் கொதித்துக்கொண்டிருக்கிறது. அதற்குள் இருபது நிமிடம் கிடந்தால் இதழ் இதழாகப் பிரியாமல் என்ன செய்யும்?

ஆகவே குழம்பை மீன் இல்லாமலே முழுதாகச் சமைத்து முடியுங்கள். வெங்காயம் வெந்து, தூளின் பச்சை வாசனை போய், புளி கொதித்து, உப்பும் உறைப்பும் நாக்குக்குச் சரி என்று பட்ட பிறகுதான் மீன் சட்டிக்குள் இறங்க வேண்டும். ஒரு அங்குலத் தடிப்புள்ள துண்டுக்குப் பத்து நிமிடம் போதும், அதற்கு மெல்லியதானால் ஆறு, ஏழு. தீ குறைவாக இருக்கட்டும், குழம்பின் ஓரத்தில் மட்டும் குமிழி வரட்டும். அகப்பையை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். சட்டியின் கழுத்தைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் குழம்பு எல்லாத் துண்டிலும் ஏறிவிடும். மண்சட்டி என்றால் ஒரு நிமிடம் முந்தியே நிறுத்துங்கள், அடுப்பை நிறுத்திய பிறகும் அது சூட்டை விடாது.

"என் அம்மா எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டித்தானே அடுப்பில் வைத்தார்" என்று இங்கே யாராவது உங்களிடம் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் சூரை மீன், கூட்டியது புளியில், எரித்தது விறகின் தணலில். அதே கணக்கை ஓரா மீனுக்கும் காஸ் அடுப்புக்கும் போட முடியாது.

இப்போது பால். தேங்காய்ப்பாலில் எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் பிடித்துவைத்திருப்பது கொஞ்சம் புரதம். எண்பது பாகை அளவில் அந்தப் புரதம் கட்டிபடத் தொடங்கும், புளிப்புப் பட்டால் இன்னும் சீக்கிரம். உங்கள் சொதி திரிந்த நாளை யோசித்துப் பாருங்கள்: முதற்பாலை விட்டு மூடிவைத்துக் கொதிக்க விட்டிருப்பீர்கள், அல்லது அடுப்பில் இருக்கும்போதே தேசிக்காய் பிழிந்திருப்பீர்கள். அனேகமாக இரண்டும்.

சொதி இப்படி வையுங்கள். இடியப்பம் கடையில் வாங்கினால் ஒரு ஆளுக்கான இரவுச் சாப்பாடு அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். அரைத் தேங்காய்த் துருவலில் முதற்பால் அரைக் கோப்பை எடுத்துத் தனியாக வையுங்கள். மறுபடி பிழிந்த தண்ணிப்பால் இரண்டு கோப்பையைச் சட்டியில் விட்டு, ஆறேழு சின்ன வெங்காயம், கீறிய பச்சைமிளகாய் நாலு, உள்ளி இரண்டு பல்லு, அரைத் தேக்கரண்டி வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள், உப்புப் போட்டு வெங்காயம் மெத்தென்று வரும்வரை கொதிக்க விடுங்கள். தண்ணிப்பாலில் கொழுப்பு குறைவு, கொஞ்சம் பிரிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பிறகு தீயைக் குறைத்து முந்நூறு கிராம் விளைமீன் துண்டு. ஆறு நிமிடம் கழித்து முதற்பால். ஓரத்தில் குமிழி எழும்பும்போதே நிறுத்துங்கள், மூட வேண்டாம். இடியப்பத்தைத் தட்டில் வைத்துவிட்டு வந்து, சூடு கொஞ்சம் அடங்கியதும் அரைத் தேசிக்காய் பிழியுங்கள். ஐந்தரைக்கு வந்து தேங்காய் துருவ உடம்பு இடங்கொடாவிட்டால் பெட்டியில் வரும் தேங்காய்ப்பால் மா பாவியுங்கள், குற்றமில்லை. பெரும்பாலானவற்றில் பால்புரதம் சேர்த்திருப்பதால் லேசில் திரியாது. சுவை ஒரு படி குறைவுதான், வேலைநாளில் யார் பார்க்கப் போகிறார்கள்.

பொரியலில் தோல் ஒட்டுவதற்கு இரண்டு காரணம், ஈரமும் ஆறின தாச்சியும். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்புப் பூசிப் பதினைந்து நிமிடம் வைத்தால் உப்பு மீனிலிருந்து நீரை வெளியே இழுக்கும். அந்த நீரை வடித்து, துண்டைத் துடைத்துவிட்டுத்தான் எண்ணெயில் போட வேண்டும். எண்ணெய் காய்ந்ததா என்று பார்க்க ஒரு கறிவேப்பிலையைப் போடுங்கள், உடனே படபடவென்று பொரிய வேண்டும். மீனைப் போட்ட பிறகு மூன்று நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். தோல் முறுகினால் தாச்சியை அதுவாகவே விடும், முறுகுவதற்குள் கிளறினால்தான் பிய்கிறது. சாளை, சூடை போன்ற சின்ன மீனுக்கு இதைவிட நல்ல கதி கிடையாது. பருப்பும் சோறும் பக்கத்தில் இருந்தால் போதும்.

நீங்கள் கேட்காத ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும், சமையலைவிட அதுதான் எனக்குக் கவலை. ஐந்தரைக்கு வருகிறவர் வாங்கும் மீன் எப்போது பிடித்தது? இங்கே படகுகள் பெரும்பாலும் விடியலில்தான் கரைக்கு வரும். மாலையில் பலகையில் கிடக்கிற மீன் பகல் முழுவதும் ஐஸில் இருந்ததா, வெயிலில் இருந்ததா என்பதுதான் கேள்வி. சூரை, கும்பளா, சாளை மாதிரி இரத்தச் செம்மையுள்ள மீன்களை விசேஷமாகக் கவனியுங்கள். ஐஸில்லாமல் கிடந்தால் அவற்றின் சதையில் கிருமிகள் பெருகி ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. வாயில் வைத்ததும் மிளகு போட்ட மாதிரிச் சுள்ளென்று இருந்தால் துப்பிவிடுங்கள். சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணித்தியாலத்துக்குள் முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பில் தடிப்பு எழும்பினால் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். "எனக்குச் சூரை ஒத்துக்கொள்ளாது" என்று சொல்கிற சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது மீன் இல்லை, மீன் கிடந்த வெயில்.

மாலையில் வாங்கத்தான் வேண்டும் என்றால் விளைமீன், கலவாய், ஓரா என்று வெள்ளைச் சதை மீனாகப் பாருங்கள், அவையும் ஐஸில் கிடந்தவையாக இருக்கட்டும். முழு மீனாகப் பார்த்து, பிறகு வெட்டித் தரச் சொல்லுங்கள். கண் குழிவிழாமல் தெளிவாக இருக்க வேண்டும். நம்மூரில் பூ என்று சொல்கிற செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், மண்நிறமானால் விட்டுவிடுங்கள். வயிற்றை விரலால் அமத்தினால் பள்ளம் நிற்கக் கூடாது. ஓரா வாங்கினால் முள்ளை அங்கேயே வெட்டிவிக்க மறக்காதீர்கள். அதன் முள்ளில் நஞ்சு உண்டு, குத்தினால் கை கடுத்துத் தூக்கம் போய்விடும். தப்பித் தவறிக் குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்திருங்கள், அந்த நஞ்சு சூட்டுக்கு அடங்கும்.

கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்றுக்கு இந்தப் பக்கக் கடல் குழம்பியிருக்கும், படகுகள் குறையும். அந்த நாட்களில் சந்தையில் கிடைக்கும் பெரிய மீனில் ஒரு பங்கு மேற்குக் கரையிலிருந்து லொறியில் ஐஸோடு வருவது. அப்போது கிண்ணியா, தம்பலகாமம் பக்கத்துக் களப்பு இறாலையும் மணலை மீனையும் பார்க்கலாம்.

உங்கள் நேரத்துக்கு இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. சனி அல்லது ஞாயிறு காலையில் நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுக்கும் இடத்துக்கோ நகரச் சந்தைக்கோ போய், பழைய ஐஸ் பெட்டியொன்றில் புது மீனைக் கொண்டுவந்து அம்புல் தியல் என்ற புளிப்பு மீன்கறி வையுங்கள். அது தெற்கில் மாத்தறை, காலிப் பக்கத்துச் சிங்களச் சமையல், ஆனால் மூவின மக்களும் மதிலுக்கு மேலால் கறிக்கோப்பை மாற்றிக்கொள்கிற இந்த ஊரில் அது யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. அரைக் கிலோ சூரையைச் சதுரத் துண்டாக வெட்டி, ஊறவைத்து அரைத்த கொறுக்காய்ப்புளி நாலைந்து சுளை, ஒரு மேசைக்கரண்டி மிளகுதூள், உப்பு, மஞ்சள் எல்லாம் பிரட்டி, ரம்பையும் ஒரு துண்டுக் கறுவாவும் போட்டு, மீன் மட்டத்துக்குத் தண்ணீர் விட்டு, குறைந்த தீயில் தண்ணீர் வற்றும்வரை வையுங்கள். அரை மணித்தியாலம் ஆகும். பத்து நிமிடம் என்று சொல்லிவிட்டு இப்போது அரை மணித்தியாலம் என்கிறாளே என்று நினைப்பீர்கள். இந்தக் கறியில் மீன் இறுகத்தான் வேண்டும். சூரையின் சதை நெருக்கமானது, கொறுக்காயின் புளிப்பு அதை இன்னும் இறுக்கும், அதனால் கரையாது. அந்தப் புளிப்பும் நீர் வற்றியதும்தான் கெடாமல் காக்கிறது. பிரிட்ஜ் இல்லாத காலத்திலேயே நாள்கணக்கில் வைத்துச் சாப்பிட்ட கறி, உங்கள் பிரிட்ஜில் புதன்கிழமைவரை தாராளமாக இருக்கும். மாலையில் வந்து சோறு மட்டும் வைத்தால் போதும், அல்லது பாண்.

குழம்பில் எப்படியும் ஒருநாள் மீன் உடையும். கொட்டிவிடாதீர்கள். முள்ளை எடுத்துவிட்டு, வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பூவோடு தாச்சியில் பிரட்டினால் வறை. சுறாவில்தான் வறை என்று யார் சொன்னது?

மணத்துக்கு வருவோம். உயிரோடு இருக்கும் மீனுக்கு அந்த மணம் இல்லை. செத்த பிறகு கிருமிகள் சதையிலுள்ள ஒரு பொருளை உடைக்கும்போதுதான் அது எழும்புகிறது, அதனால் புது மீன் வாங்கினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அந்த மணத்தைத் தரும் பொருள் காரத்தன்மை உள்ளது, புளிப்புப் பட்டால் காற்றில் பறக்காமல் அடங்கிவிடும். மீனைத் தேசிக்காயும் உப்பும் போட்டுக் கழுவுவதும், குழம்புக்குப் புளி விடுவதும் இதற்கும்தான். கழுவிய தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாமல் வாழையடியில் ஊற்றுங்கள். செதிலையும் குடலையும் பத்திரிகைத் தாளில் சுற்றி, குப்பை எடுக்கிற நாள்வரை பிரிட்ஜின் ஐஸ் தட்டில் வையுங்கள், வெளியே கிடந்தால் பூனை வரும், அப்புறம் வீட்டுக்காரரும் வருவார். பொரியல் மட்டும் என்ன செய்தாலும் மணக்கும். அதை அவர்கள் கோயிலுக்குப் போகிற நேரமாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் அடுப்பில் மீன் ஏற்றாதீர்கள். அன்றைக்குப் பருப்பும் கத்தரிக்காயும் சமைத்து வீட்டுக்கார அம்மாவுக்கும் ஒரு கோப்பை கொடுங்கள், சனிக்கிழமை காலை எந்தக் கரையில் நல்ல மீன் வரும் என்று அவர் வீட்டுக்காரரே உங்களுக்குச் சொல்லக்கூடும்.