எந்த மீனோடு எந்த மீன் சேரும்?

ரீஃப் தொட்டி, அதாவது பவளத்தோடு கடல் மீன் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி, வைத்திருப்பவர்களும் வைக்கப் போகிறவர்களும் கேட்டவற்றில், மீன்களைச் சேர்த்து விடுவது பற்றிய கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். உப்பு, லைட், கழிவு நீக்கும் ஸ்கிம்மர் சமாச்சாரமெல்லாம் இன்னொரு நாள்.

கோவை: அண்ணா, 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் தொட்டி செய்திருக்கிறேன். சாஃப்ட் கோரல் (மென்பவளம்) வைக்க எண்ணம். ஒரு ஜோடி க்ளௌன், ஒரு ப்ளூ டாங், ஒரு யெல்லோ டாங், ஒரு பட்டர்ஃப்ளை, ஒரு லயன்ஃபிஷ். ஒத்துப்போகுமா?

க்ளௌன் ஜோடி இருக்கட்டும். மற்ற நான்கையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். உங்கள் தொட்டி கணக்குக்கு 190 லிட்டர். பாறையும் மணலும் போட்டபின் 150 லிட்டர் தண்ணீர் நின்றால் பெரிது. ப்ளூ டாங் கடையில் இரண்டு அங்குலம்தான் இருக்கும். வளர்ந்தால் ஒரு அடி. நாள் முழுக்க நீந்துகிற ஜாதி, அதற்கு 6 அடித் தொட்டி வேண்டும். யெல்லோ டாங் அவ்வளவு பெரிதாகாது, ஆனாலும் 4 அடிக்குக் குறையக் கூடாது. பட்டர்ஃப்ளை வகையில் பெரும்பாலானவை பவளப் பூச்சிகளைக் கொத்தித் தின்பவை. லயன்ஃபிஷ் கோரலைத் தொடாது, ஆனால் வாய்க்குள் அடங்குகிற எந்த மீனையும் விடாது. உங்கள் க்ளௌன் அடங்கும்.

பதிலாக, ஒரு ராயல் கிராமா, ஒரு யெல்லோ வாட்ச்மேன் கோபி, ஒரு டெயில்ஸ்பாட் ப்ளென்னி. க்ளௌனோடு சேர்த்து ஐந்து. "இவ்வளவுதானா?" என்று தோன்றும். கிராமா பாறைப் பொந்தில், கோபி மணலில், ப்ளென்னி பாறை முகட்டில், க்ளௌன்கள் நடுத்தண்ணீரில் என்று ஆளுக்கொரு இடம் பிடித்துக்கொள்ளும். ஒன்றின் இடத்துக்கு இன்னொன்று போட்டியில்லை என்பதுதான் முக்கியம். நிறப் பொருத்தமெல்லாம் அப்புறம். கோபியோடு ஒரு பிஸ்டல் இறாலையும் வாங்கி விடுங்கள். இறாலுக்குக் கண் மங்கல். அது வளை தோண்டி மணலை வெளியே தள்ளும்போது ஒரு மீசையைக் கோபியின் மேல் வைத்துக்கொண்டே இருக்கும். ஆபத்து என்றால் கோபி வாலை ஒரு சிலுப்பு சிலுப்பும். இறால் உள்ளே போய்விடும். ஒரு அடி நீள டாங் தராத வேடிக்கை இது.

திருச்சி: எல்லா மீனையும் ஒரே நாளில் விடலாமா? கடைக்காரர் அப்படி விட்டால்தான் சண்டை வராது என்கிறார்.

அவருக்கு ஒரே நாளில் விற்றுவிடும். உங்களுக்கு மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியா ஏறும். புதுத் தொட்டியின் பாக்டீரியா ஒன்றிரண்டு மீனின் கழிவைத்தான் முதலில் தாங்கும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்று என்று விடுங்கள்.

யார் முதலில் என்பதில்தான் பாதி வெற்றி. சாதுவானது முதலில், முரடு கடைசியில். ஃபயர்ஃபிஷ், கோபி, பாங்காய் கார்டினல் மாதிரிப் பயந்த மீன்கள் முதலில் வந்து பொந்து பார்த்துக்கொள்ளட்டும். அப்புறம் ப்ளென்னி, கிராமா. அதற்குப் பிறகு க்ளௌன். சிக்ஸ்லைன் ரேஸ் (wrasse) என்ற மீன் வேண்டுமென்று அடம்பிடித்தால் எல்லாவற்றுக்கும் கடைசியில். என்னைக் கேட்டால் 3 அடித் தொட்டிக்கு அது வேண்டாம். மூன்று அங்குல மீன்தான், ஆனால் புதிதாக வருகிற எதையும் மூலையில் தள்ளிப் பட்டினி போட்டுவிடும்.

வரிசை ஏற்கெனவே தப்பிவிட்டதா? புது மீனை விடும் அன்று பாறைகளை மாற்றி அடுக்குங்கள். பழைய மீனுக்கும் தன் எல்லை எது என்று தெரியாமல் போகும். இல்லாவிட்டால் ஓட்டை போட்ட தெளிவான பிளாஸ்டிக் பெட்டியில் புதுசை அடைத்துத் தொட்டிக்குள்ளேயே நாலைந்து நாள் தொங்கவிடுங்கள். பழையது பெட்டியை முட்டி முட்டிச் சலித்துப்போனபின் திறந்துவிடலாம்.

மதுரை: தொட்டி பழகுவதற்கென்று 4 நீல டாம்ஸல் வாங்கி விடச் சொன்னார்கள். இப்போது ஒன்றுதான் மிச்சம். வேறு எதை விட்டாலும் துரத்துகிறது. பிடிக்கவும் முடியவில்லை.

தொட்டியைப் பழக்க, அதாவது கழிவைத் தின்னும் பாக்டீரியாவை வளர்க்க, மீனே தேவையில்லை. சுத்தமான அம்மோனியா கொஞ்சம், பாட்டில் பாக்டீரியா கொஞ்சம், நாலிலிருந்து ஆறு வாரம் பொறுமை. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமானால் தயார். இந்த வேலைக்கு டாம்ஸலை விற்பது நின்றபாடில்லை. விலை குறைவு, எதையும் தாங்கும். ஆனால் வீட்டுக்கு முதல் ஆளாக வந்து தொட்டி முழுவதும் தனதென்று உட்கார்ந்துவிடும்.

பிடிக்க வலையைத் தூக்காதீர்கள். பாறையெல்லாம் கலைவதுதான் மிச்சம். ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலின் கழுத்துப் பக்கத்தை வெட்டி, தலைகீழாக உள்ளே சொருகி, அடியில் கொஞ்சம் இறால் துண்டு போட்டுப் படுக்க வையுங்கள். ஒரு நாள் தீனியை நிறுத்திவிட்டு வைத்தால் நுழையும். பிடித்ததைக் கடையில் திருப்பிக் கொடுங்கள். கடலில் கொண்டுபோய் விட வேண்டாம்.

சென்னை: சார், எங்கள் க்ளௌன்களில் சின்னது, பெரியதன் முன்னால் போய் ஒருக்களித்துப் படுத்து வெடவெடவென்று நடுங்குகிறது. நோயா? துணைக்கு இன்னொன்று வாங்கலாமா?

நோய் இல்லை அம்மா. "நீதான் பெரியவள், ஒப்புக்கொள்கிறேன்" என்கிறது. க்ளௌன்கள் எல்லாம் ஆணாகத்தான் தொடங்கும். கூட்டத்தில் பெரியதும் வலியதும் பெண்ணாக மாறும். உங்களுக்கு ஜோடி சேர்ந்துவிட்டது. பெண் இறந்தால் இந்தச் சின்னதே பெண்ணாகும்.

மூன்றாவது வேண்டவே வேண்டாம், இந்த ஜோடி அதை அடித்தே கொன்றுவிடும். வேறு வகை க்ளௌனும் கூடாது, முக்கியமாக மரூன். கடலில் க்ளௌன் குடியிருக்கும் பூப்போன்ற உயிரான அனிமோனும் கட்டாயமில்லை. தொட்டியில் பிறந்த க்ளௌன் பல நேரம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

தூத்துக்குடி: எங்கள் ஊர்க் கடலிலேயே வண்ண மீனும் பவளமும் இருக்கும்போது காசு கொடுத்து ஏன் வாங்க வேண்டும்?

பவளத்தில் கை வைக்காதீர்கள். பாறைப் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. எடுப்பதும் குற்றம், விற்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன.

மீனிலும் யோசியுங்கள். கரையோரம் சுலபமாகக் கிடைக்கும் மஞ்சள்-கறுப்புப் பட்டை சார்ஜென்ட் மேஜர் குட்டியில் அழகு. வளர்ந்தால் டாம்ஸலுக்கே அண்ணன். பச்சை மினுக்கும் மூன் ரேஸ் முக்கால் அடி வரை போகும், இறால் நண்டு எதுவும் மிஞ்சாது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில் க்ளௌனையும் சில டாம்ஸல் வகைகளையும் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். பண்ணைக் குஞ்சு கிடைத்தால் அதையே எடுங்கள். உலர்தீனி தின்னும், தொட்டிக்கும் பழகியிருக்கும்.

சிங்கப்பூர்: மாண்டரின் மீன் வைக்க ஆசை. தொட்டிக்கு மூன்று மாதம் ஆகிறது.

சண்டைக்குப் போகாத மீன். ஆனால் பட்டினியால் சாகும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத கோப்பிபாடு என்ற குட்டி உயிர்களை நாளெல்லாம் கொத்திக்கொண்டே இருக்க வேண்டும் அதற்கு. லைவ் ராக் (நுண்ணுயிர்கள் குடியேறிய பாறை) நிறைந்து ஒரு வருடமாவது ஓடிய பெரிய தொட்டி வேண்டும். அதே தீனியைத் தேடுகிற ரேஸ் இருந்தால் அதுவும் போதாது. பொறுங்கள்.

சேலம்: டாங் மேல் வெள்ளைப் புள்ளி. ரீஃப் தொட்டியிலேயே மருந்து போடலாமா?

காப்பர் மருந்து போட்டால் இறால், நத்தை, கோரல் எல்லாம் போய்விடும். மீன்களை எல்லாம் தனித் தொட்டிக்கு மாற்றி அங்கே வைத்தியம் பாருங்கள். புள்ளி ஓர் ஒட்டுண்ணி, மீன் கிடைக்காமல் சாகட்டும் என்று ரீஃப் தொட்டியை மீனே இல்லாமல் குறைந்தது ஆறு வாரம் விடுங்கள். 76 நாள் என்பது பலர் கடைப்பிடிக்கும் கணக்கு. க்ளீனர் இறால் பார்த்துக்கொள்ளும் என்பார்கள், நம்ப வேண்டாம். அப்படியே யார் அந்த டாங்கைத் துரத்துகிறார்கள் என்றும் பாருங்கள். மிரண்டு ஒளிகிற மீனைத்தான் புள்ளி முதலில் பிடிக்கும்.

ஈரோடு: ஆறு பச்சை க்ரோமிஸ் கூட்டமாக விட்டேன். இப்போது இரண்டு. தண்ணீர் சரியாகத்தான் இருக்கிறது.

தண்ணீர் இல்லை, அவையேதான். சின்னத் தொட்டியில் பலவீனமானதை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வரும். இன்னும் நான்கு வாங்கிச் சேர்த்தாலும் இதே கதைதான்.

புதுச்சேரி: ஃபயர்ஃபிஷ் காலையில் தரையில் காய்ந்து கிடந்தது. யார் துரத்தியது?

யாரும் துரத்தாமலே அது குதிக்கும், திடீரென்று லைட் போட்டாலே போதும். அடுத்ததை வாங்கும் முன் தொட்டிக்கு வலை மூடி போடுங்கள், கால் அங்குலக் கண் போதும். வயர் போகிற மூலையையும் அடையுங்கள். அந்த இடைவெளி வழியாகத்தான் வெளியே வரும்.