கலாநிதி ஆய்வுக்கு ஏஜென்சிக்கு ஆறு லட்சமா?

கேள்வி: எங்கள் வீடு டிக்கோயா பக்கம். நான் கொழும்பில் கடையில் வேலை செய்கிறேன். தங்கச்சி பேராதனையில் புள்ளிவிபரவியல் நான்கு வருடச் சிறப்புப் பட்டம் முடித்து செக்கன்ட் அப்பர் எடுத்திருக்கிறாள். நிகழ்தகவில் ஆராய்ச்சி செய்து கலாநிதிப் பட்டம் எடுக்க ஆசைப்படுகிறாள். கண்டியில் ஒரு ஏஜென்சிக்காரர் ஆறு லட்சம் கேட்கிறார். ஆய்வு முன்மொழிவு எழுதி, சர்வதேச சஞ்சிகையில் இரண்டு கட்டுரையும் போட்டுத் தருவாராம். அது இல்லாமல் எங்கேயும் இடம் கிடைக்காதாம். 95 வீதம் வெற்றி என்று சுவரில் எழுதியிருக்கிறது. அம்மாவின் சேமலாபக் காசு இருக்கிறது. கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம் தம்பி. அம்மாவின் காசு வங்கியிலேயே இருக்கட்டும்.

கணிதத்தில் கலாநிதி ஆய்வுக்குப் போகிறவருக்குப் பெரும்பாலும் பல்கலைக்கழகம்தான் சம்பளம் கொடுக்கும். அமெரிக்காவில் முதலாம் வருடப் பிள்ளைகளுக்குப் பயிற்சி வகுப்பு எடுப்பது, விடைத்தாள் திருத்துவது போன்ற வேலையைக் கொடுத்து, கற்கைக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாதம் ஒரு தொகையும் தருவார்கள். ஐந்து வருடம் அப்படி ஓடும். ஜெர்மனியில் அதை ஒரு உத்தியோகமாகவே வைத்திருக்கிறார்கள். சேர்த்துக்கொண்டு பணம் தரமாட்டோம் என்று ஒரு கணிதத்துறை சொன்னால், அந்த இடம் வேண்டாம் என்றே சொல்லுவேன்.

அப்படியானால் ஏஜென்சிக்காரர் எதற்குக் காசு கேட்கிறார்? நம் தாத்தாமார் கதையில் வரும், தோட்டத்துக்கு ஆள் பிடித்த கங்காணி எதற்கு வாங்கினாரோ அதற்குத்தான். ஊரில் வழி தெரியாதவனுக்கு வழி காட்டுகிறேன் என்று முன்பணமும் தலைக்காசும் பார்த்தவர் அவர். இவர் ஒரு ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான்.

அந்த 95 வீதத்தைக் கொஞ்சம் பார்ப்போம். தங்கச்சிக்கு இது இரண்டாம் வருடப் பாடம். எத்தனை பேரில் 95 வீதம்? காசு கட்டி இடையில் விட்டவர்கள் கணக்கில் உண்டா? ஏதோ ஒரு டிப்ளோமாவுக்குப் போனவரும் வெற்றியா? அவர் இல்லாமலே இடம் கிடைத்திருக்கக்கூடிய கெட்டிக்காரப் பிள்ளைகள் எத்தனை பேர்? சுவரில் தொங்குகிற படங்கள் எல்லாம் பின்னத்தின் தொகுதி எண். பகுதி எண்ணைக் கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றிவிடுவார்.

அடுத்தது அந்த இரண்டு கட்டுரை. இதில்தான் எனக்கு வயிறு எரிகிறது. நம் துறையில் நல்ல சஞ்சிகைகள் வழக்கமாக எழுதியவரிடம் காசு கேட்பதில்லை. 'அன்னல்ஸ் ஒஃப் ப்ரொபபிலிட்டி', 1933இல் மகலனோபிஸ் கல்கத்தாவில் தொடங்கிய 'சங்க்யா' எல்லாம் அந்த வகை. துறை தெரிந்தவர்கள் ஒவ்வொரு வரியாகச் சரிபார்ப்பார்கள். அதற்கு மாதக்கணக்கு, சில நேரம் ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். இரண்டு வாரத்தில் வெளியிட்டுத் தருகிறேன் என்றால் அதை யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம். சும்மா வெளியிட வேண்டுமென்றால் 1991இலிருந்து 'ஆர்க்கைவ்' என்ற தளம் இருக்கிறது. துறையில் உள்ள ஒருவர் பரிந்துரைத்தால் போதும், ஒரு சதம் செலவில்லை.

என் மாணவர் ஒருவர் இப்படிக் காசு கொடுத்து ஒரு கட்டுரை வாங்கினார். கெட்டிக்காரப் பையன்; பயத்தில் செய்தது. நேர்முகத்தில், கட்டுரையில் உள்ள இரண்டாவது துணைத்தேற்றத்தை விளக்கச் சொன்னார்கள். அதை அவர் அன்றுதான் முதன்முதலில் பார்த்தார். கட்டுரையே இல்லாமல் போயிருந்தால் அந்த இடம் கிடைத்திருக்கும் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

கட்டுரை இல்லாமல் சேரலாமா என்று கேட்பீர்கள். சேரலாம். பெரிய ஆய்வாளராகும் திட்டமே இல்லாமல் போனவர் ஒருவரின் கதையைச் சொல்கிறேன். எஸ்.ஆர்.எஸ். வரதன் நம் தமிழர், சென்னையில் 1940இல் பிறந்தவர். பிரெசிடென்சி கல்லூரியில் புள்ளியியல் படித்துவிட்டு 1959இல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்குப் போனார். தொழிற்சாலைகளில் தரக்கட்டுப்பாடு பார்க்கும் புள்ளியியலாளராக வேண்டும் என்றுதான் போனார். அங்கே இருந்த சக ஆய்வாளர்கள் அவரை நிகழ்தகவுப் பக்கம் இழுத்துவிட்டார்கள். வழிகாட்டி சி.ஆர். ராவ், ஆய்வேட்டைப் பார்த்தவர்களில் ஒருவர் கொல்மோகரோவ், 1933இல் நிகழ்தகவுக்கே அடித்தளம் போட்ட ரஷ்யர். 1963இல் நியூயோர்க் போன வரதனுக்கு 2007இல், கணிதத்தின் மிக உயர்ந்த பரிசுகளில் ஒன்றான ஏபெல் பரிசு கிடைத்தது. அவர் வேலையை எளிதாகச் சொன்னால், நாணயத்தை நூறு தடவை சுண்டினால் ஐம்பதையொட்டித் தலை விழும். தொண்ணூறு தடவை தலை விழுவது எவ்வளவு அரிது, சுண்டும் தடவைகள் கூடக் கூட அப்படிப்பட்ட வாய்ப்பு எந்த வேகத்தில் குறைகிறது என்பதற்கான கணிதம். காப்புறுதிக் கொம்பனி திவாலாகும் வாய்ப்பைக் கணக்கிடப் போய்த் தொடங்கிய விஷயம் அது.

சரி, தங்கச்சி விஷயத்துக்கு வருவோம். தேர்வுக்குழு முக்கியமாகப் பார்ப்பது இரண்டை. மெய்யெண் பகுப்பாய்வு, அளவைக் கோட்பாடு, நேரியல் அட்சரகணிதம் ஆகிய பாடங்களின் புள்ளி ஒன்று. அவளை நேரில் தெரிந்த மூன்று பேரின் பரிந்துரைக் கடிதம் மற்றது. எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளிவிபர மென்பொருளில் பொத்தான் அழுத்தத் தெரிவது இதில் சேராது. நிகழ்தகவுதான் பிடிக்கும் என்றால் புள்ளிவிபரவியல் துறைகளுக்கு மட்டும் விண்ணப்பிக்க வேண்டாம். பல இடங்களில் நிகழ்தகவுக்காரர்கள் கணிதத் துறையில்தான் இருப்பார்கள். இது தெரியாமல் நல்ல பிள்ளைகள் தவறான கதவைத் தட்டுகிறார்கள். அமெரிக்காவில் சேரும்போது ஆய்வு முன்மொழிவும் கேட்கமாட்டார்கள்; ஏன் படிக்க விரும்புகிறேன் என்று அவளே இரண்டு பக்கம் எழுதினால் போதும்.

விண்ணப்பிக்க உண்மையான செலவு முக்கியமாக ஆங்கிலப் பரீட்சைக் கட்டணமும் விண்ணப்பக் கட்டணமும்தான். ஒரு பல்கலைக்கழகத்துக்கு 50 முதல் 100 டொலர் வரை ஆகலாம். குடும்ப நிலையைச் சொல்லி மின்னஞ்சல் போட்டால் சில இடங்களில் தள்ளுபடி செய்வார்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். 'நாளைக்கே கட்டினால்தான் இடம் நிற்கும்' என்று அவசரப்படுத்தினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்: உதவித்தொகையுடன் வந்த இடத்துக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்லத் தேவையில்லை என்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல தங்களுக்குள் உடன்பாடு வைத்திருக்கின்றன. இந்தியாவுக்குப் போக விரும்பினால் இந்திய அரசின் ஐ.சி.சி.ஆர். புலமைப்பரிசில் இருக்கிறது, கண்டியிலேயே இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம் இருக்கிறது. அதற்கும் தரகர் வேண்டாம்.

காசு விஷயத்தில் ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். இதை நீட்டித்தான் சொல்வேன். தங்கச்சி இங்கேயே ஒரு பல்கலைக்கழகத்தில் தகுதிகாண் விரிவுரையாளராக நிரந்தரப் பதவி பெற்று, கல்வி விடுமுறையில் வெளிநாடு போனால் பொண்ட் கையெழுத்திட வேண்டும். படித்துத் திரும்பி வந்து இத்தனை வருடம் வேலை செய்வேன், இல்லாவிட்டால் காசைத் திருப்பிக் கட்டுவேன் என்பது அது. அவள் கட்டாவிட்டால் பிணை நின்றவர் கட்ட வேண்டும். நான் ஒரு நண்பருக்கு அப்படிக் கையெழுத்துப் போட்டேன். அவர் வரவில்லை. என் சம்பளத்தில் வருடக்கணக்கில் வெட்டினார்கள். அதனால் பொண்ட் வந்தால் தொகை எவ்வளவு, எத்தனை வருடம், பிணையாளர் யார் என்று எழுத்தில் பார்க்காமல் உங்கள் பெயரையோ மாமா பெயரையோ போடவிடாதீர்கள். ஒரு வருடத் தற்காலிகப் போதனாசிரியர் வேலைக்கு இந்தப் பொண்ட் இல்லை. அது கிடைத்தால் தயங்காமல் எடுக்கச் சொல்லுங்கள். பரிந்துரைக் கடிதத்துக்கும் அது உதவும்.

ஏஜென்சிக்காரரை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. பல்கலைக்கழகத்தில் நாங்கள் நான்கு வருடம் படிப்பிக்கிறோம், விண்ணப்பம் எப்படிப் போடுவது என்று ஒரு மணித்தியாலம் சொல்லித் தருவதில்லை. பெறுபேற்றுப் பத்திரம் எடுக்க ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று பஸ்ஸில் இறங்கி வந்தால், பொறுப்பானவர் லீவு, நாளை வாருங்கள் என்கிறோம். நாளை வருவதற்கு யார் பஸ் காசு கொடுப்பது? கடிதம் தருகிறேன் என்று சொல்லி முடிவுத் திகதிக்கு முதல் நாள்தான் எழுத உட்காரும் பேராசிரியர்களும் உண்டு. நானும் அப்படி இருந்திருக்கிறேன். அமெரிக்க விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில், ஜனவரியில் முடிந்துவிடும். ஆகவே பத்திரத்தையும் கடிதங்களையும் செப்டம்பரிலேயே கேட்டு, பிறகு வாரம் ஒரு முறை நினைவூட்டச் சொல்லுங்கள். கோபப்படட்டும், பரவாயில்லை.

அப்புறம், நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். தங்கச்சியின் மூலச் சான்றிதழ்களையோ பாஸ்போர்ட்டையோ 'பதிவுக்காக' என்று அவர் வாங்கி வைத்திருக்கிறாரா? அப்படியானால் காசு கட்டமாட்டோம் என்று சொல்வதற்கு முன்பே போய் அவற்றைக் கையில் வாங்கிவிடுங்கள். போட்டோகொப்பி எடுக்க வேண்டும் என்று சொல்லி வாங்கினாலும் சரிதான்.