காந்தமும் கண்ணீரும் – கடிதம்

வணக்கம் ஐயா,

என் தங்கை நான்கு வருடமாக டிப்ரஷனுக்கு மருந்து எடுத்துக்கொள்கிறாள். மூன்று முறை மாத்திரை மாற்றியாகிவிட்டது. நடுவில் கொஞ்சம் தெளிவாள், மறுபடி படுத்த படுக்கையாகிவிடுவாள். இப்போது ஓர் ஆராய்ச்சிக் குழு, தலையில் காந்தம் வைத்து மூளையைத் தூண்டும் ஆய்வில் சேரச் சொல்லி அவளைக் கேட்டிருக்கிறது. அவள் போகிறேன் என்கிறாள். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. இது பழைய ஷாக் வைத்தியத்துக்கு இன்னொரு பெயரா? பாதிப் பேருக்குப் பொய்க் காந்தம் வைப்பார்களாமே, அது ஏமாற்று இல்லையா? முக்கியமாகக் கேட்க நினைத்தது வேறு. வெளியிலிருந்து தட்டினால் துக்கம் போய்விடும் என்றால், அவள் இத்தனை நாள் அழுததெல்லாம் வெறும் கரண்ட் கோளாறா? எங்கள் அம்மா இறந்த பிறகுதான் அவளுக்கு இது ஆரம்பித்தது.

பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

இந்த முறையை டிஎம்எஸ் (டிரான்ஸ்கிரேனியல் மேக்னடிக் ஸ்டிமுலேஷன்) என்று சுருக்கிச் சொல்கிறார்கள். என் வயதுக்காரர்களுக்கு அந்த மூன்றெழுத்து ஒரு பாடகரைத்தான் நினைவுபடுத்தும். ஆய்வகத்துக்கு முதல்முறை போனபோது எனக்கும் அப்படித்தான் சிரிப்பு வந்தது. ஆமாம், நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். நோயாளியாக இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க நலமாக இருக்கிறவர்களும் தேவை என்று கேட்டதால் போனேன்.

நடந்தது இதுதான். காதுக்கு அடைப்பான் கொடுத்தார்கள். கட்டைவிரலின் அடிச் சதையில் மின்முனைகளை ஒட்டினார்கள். பிறகு எட்டு என்ற எண்ணைப் படுக்கவைத்தது போன்ற ஒரு சுருளைத் தலையின் இடப்பக்கம் வைத்து ஒரு சொடுக்கு. 'டக்'. ஒன்றுமில்லை. சுருளைக் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு 'டக்'. மடியில் சும்மா கிடந்த வலது கட்டைவிரல் துள்ளியது. நான் அசைக்கவில்லை. அசைக்க நினைக்கவும் இல்லை. வலி கிடையாது, மண்டைத்தோலில் யாரோ விரல் நுனியால் சுண்டியது போல இருந்தது. பிறகு விசையைக் குறைத்துக்கொண்டே வந்து, பத்து முறை சொடுக்கினால் ஐந்து முறையாவது விரல் துடிக்கிற மிகக் குறைந்த அளவைக் குறித்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஆள் அந்த அளவு மாறும். அவரவருக்கு எவ்வளவு விசை என்பதை அதை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள்.

சுருளுக்குள் நடப்பது விஞ்ஞானி ஃபாரடே 1831இல் கண்டுபிடித்த விஷயம். மாறும் காந்தப்புலம் பக்கத்தில் மின்சாரத்தை உண்டாக்கும். செம்புச் சுருளில் ஒரு கணம் பெரிய மின்னோட்டம் பாய்கிறது. ஆயிரத்தில் ஒரு நொடிகூட நீடிக்காத காந்தத் துடிப்பு பிறக்கிறது. மின்சாரத்தை நேரடியாகத் தலையில் வைத்தால் தோலும் எலும்பும் தடுக்கும், வலிக்கும். காந்தத்துக்கு எலும்பு ஒரு பொருட்டே இல்லை. உள்ளே போய் அங்கே மின்சாரமாகிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கரும் கூட இருந்தவர்களும் இதை 1985இல் செய்துகாட்டினார்கள்.

ஷாக் சிகிச்சையில் மயக்க மருந்து கொடுத்து, வேண்டுமென்றே வலிப்பை வரவழைக்கிறார்கள். (அதையும் சினிமாவை நம்பி வெறுக்காதீர்கள். கடுமையான மனச்சோர்வில் அது இன்றும் உயிர் காக்கிறது.) இங்கே மயக்கம் இல்லை, வலிப்பு வந்துவிடக் கூடாது என்பதுதான் கவனமே. வருவது மிக அரிது.

சரி, இதை வைத்து மனச்சோர்வை எப்படி ஆராய்கிறார்கள்? ஸ்கேன் என்பது மதிலுக்கு வெளியே நின்று எந்த அறையில் விளக்கு எரிகிறது என்று பார்ப்பது. துக்கத்தால் விளக்கு எரிகிறதா, விளக்கு எரிவதால் துக்கமா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. காந்தம் கதவைத் தட்டிப் பார்க்கிறது. எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. முதலில் மெல்லிய துடிப்பு ஒன்று, இரண்டு மூன்று மில்லி நொடி கழித்து வலுவான துடிப்பு ஒன்று. முதலாவது, மூளைக்குள் இருக்கும் அடக்கும் நரம்புகளை எழுப்பிவிடுவதால், அடுத்து வருவதில் விரல் அவ்வளவாகத் துள்ளாது. மனச்சோர்வு உள்ளவர்களைக் குழுவாகப் பார்த்தால் இந்த அடக்கம் சராசரியாகக் குறைவு. காபா என்கிற, மூளையின் பிரேக் போன்ற வேதிப்பொருளின் வேலை தளர்ந்திருப்பதற்கான தடயம் இது. கட்டைவிரலின் துள்ளலில் துக்கத்தின் தடம்! ஆனால் சராசரிதான். தனி ஒருவருக்கு இந்தச் சோதனையைச் செய்து 'உனக்கு டிப்ரஷன்' என்று சொல்ல முடியாது.

அப்புறம் ஒரு 5 சென்டிமீட்டர் கதை. 1995இல் அமெரிக்க மனநல மருத்துவர் மார்க் ஜார்ஜின் குழு, மருந்துக்கு அசையாத 6 பேருக்கு இடது முன்மூளையில் தினமும் துடிப்பு கொடுத்துப் பார்த்தது. இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கட்டைவிரல் துள்ளும் புள்ளியிலிருந்து நெற்றிப் பக்கமாக 5 சென்டிமீட்டர் அளந்தார்கள். அவ்வளவுதான். பெரிய தலை, சின்னத் தலை எல்லாவற்றுக்கும் அதே அளவு! பிறகு ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் பலருக்குச் சுருள் வேறு இடத்தில் உட்கார்ந்திருந்தது. ஆனாலும் சிலர் தேறியிருந்தார்கள், சிலர் தேறவில்லை. யாருக்கு எந்தப் புள்ளி பலன் தந்தது என்று 2012இல் நரம்பியல் மருத்துவர் மைக்கேல் ஃபாக்ஸும் மற்றவர்களும் ஆராய்ந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. மூளையின் அடியாழத்தில், நடுக்கோட்டை ஒட்டி ஒரு பகுதி இருக்கிறது. சோகத்தில் அது கூடுதலாக வேலைசெய்வதை ஹெலன் மேபெர்க் என்ற நரம்பியல் மருத்துவர் முன்பே காட்டியிருந்தார். சாதாரணச் சுருளின் வீச்சு இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான், அங்கே எட்டாது. ஆனால் மேலே எந்தப் புள்ளி அந்த ஆழப்பகுதியோடு தராசுத் தட்டு போல, இது ஏறினால் அது இறங்கும் என்று இருக்கிறதோ, அந்தப் புள்ளிக்குப் பலன் அதிகம். அதாவது தட்டுகிற இடத்தில் துக்கம் இல்லை. இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள கொடுக்கல் வாங்கலில்தான் ஏதோ சிக்கியிருக்கிறது. ஆராய்ச்சியில் எத்தனையோ பிசகுகள் குப்பைக்குப் போகின்றன. இந்தப் பிசகு ஒன்றைக் கற்றுக்கொடுத்தது.

பொய்ச் சுருளுக்கு வருகிறேன். அதுவும் 'டக்' என்கும், சில வகைகள் தோலையும் சுண்டும், மூளைக்குள் மட்டும் போகாது. ஏமாற்று இல்லை, உங்களுக்கு எது விழும் என்று தெரியாது என்பதை முன்கூட்டியே சொல்லித்தான் ஒப்புதல் வாங்குவார்கள். பொய்ச் சுருளோடு ஒப்பிடாமல் எந்த முடிவையும் நம்ப முடியாது. தினமும் கிளம்பிப் போவது, ஒருவர் அக்கறையாக விசாரிப்பது, இதிலேயே சிலர் தேறுகிறார்கள். 2022இல் ஸ்டான்ஃபோர்டின் ஆய்வில், ஒரு நாளைக்குப் பத்து முறை வீதம் ஐந்து நாள் கொடுத்தார்கள். நிஜச் சுருள் கிடைத்த 14 பேரில் 11 பேருக்கு அடுத்த நான்கு வாரத்துக்குள் நோய் அடங்கியது. பொய்ச் சுருளில் 15க்கு 2. பிரமாதமான எண்தான், ஆனால் மொத்தமே 29 பேர். முந்தைய பெரிய ஆய்வுகளில் பலன் இருந்தது, இவ்வளவு இல்லை. உங்கள் தங்கையிடம் 'எல்லாருக்கும் சரியாகிறதாம்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

கடைசியாக, கரண்ட் கோளாறா என்ற கேள்வி. தலைவலி மாத்திரையால் போனது என்பதற்காக, உடம்பில் மாத்திரை குறைந்ததால் தலைவலி வந்தது என்று யாரும் சொல்வதில்லை. போகிற வழி ஒன்று, வந்த வழி ஒன்று. உங்கள் அம்மாவின் இழப்பு வந்த வழியாக இருக்கலாம். அழுகை, அம்மா, நினைவு எல்லாமே மூளைக்குள் மின்சாரமாகத்தான் ஓடுகின்றன; அதனால் அவை 'வெறும்' ஆகிவிடுமா? நான் இதைப் படிக்கப் படிக்க எனக்கு நேர்மாறாகத்தான் தோன்றியது. 'மனசைத் திடமாக வைத்துக்கொள்' என்று அவளிடம் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! அதைச் செய்யவேண்டிய இடமே சிக்கிக்கொண்டிருக்கும்போது அவள் என்ன செய்வாள்? காந்தம் அவள் துக்கத்தை அழிக்கப் போவதில்லை. தேறிவந்தாலும் அம்மாவை நினைத்து அழத்தான் செய்வாள். அழுதுவிட்டு எழுந்து குளிக்கப் போக முடிகிறதா என்பதுதான் வித்தியாசம்.

படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். தலைக்குள்ளோ காதுக்குள்ளோ உலோகக் கருவி ஏதாவது இருந்தால், முன்பு வலிப்பு வந்திருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளின் பெயரும் அவர்களுக்குத் தெரிய வேண்டும். தானாக எதையும் நிறுத்தக் கூடாது. பொய்ச் சுருள் விழுந்தால் ஆய்வு முடிந்ததும் நிஜ சிகிச்சை தருவார்களா என்று கேளுங்கள். நடுவில் அவள் நிலைமை மோசமானால் யாரைக் கூப்பிடுவது என்பதையும் எழுதி வாங்குங்கள். முடிந்தால் முதல் நாள் நீங்களும் கூடப் போய், அவள் கட்டைவிரல் துள்ளும்போது பக்கத்தில் இருங்கள். அவள் சிரித்தாலும் சிரிப்பாள். நான் சிரித்தேன்.