சுடலைக்குக் கோபுரம் வந்த கதையும் கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வியும்

"கடவுள் உண்மையிலேயே இருக்கிறாரா, இல்லை மதமெல்லாம் மனிதன் உண்டாக்கியதுதானா? படித்ததை விடுங்கள், பார்த்ததைச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார் கேள்வியாளர்.

பார்த்ததைச் சொல்வதென்றால் எனக்கு வசதிதான். நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். சாமி எப்படி உண்டாகிறது, எப்படி உரு மாறுகிறது என்று தெரிந்துகொள்ள எங்கள் பக்கம் புத்தகம் புரட்ட வேண்டாம், ஊர்க் கடைசியில் இருக்கும், சுடுகாட்டுச் சாமியான சுடலைமாடன் கோயில் வரை நடந்தால் போதும். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதம் மனிதன் உண்டாக்கியது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதை ஒப்புக்கொண்டதும் கடவுள் இல்லை என்று தானாக முடிவாகிவிடாது. இரண்டையும் ஒரே கேள்வியாக முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் பாதிப் பேர் சண்டை போடுகிறார்கள்.

சின்ன வயதில் நான் பார்த்த சுடலைக்குச் சிலை கிடையாது. செங்கல்லும் காரையும் வைத்துக் கட்டிய பீடம்தான். அடி அகன்று, மேலே போகப் போகக் குறுகி, ஆள் உயரத்துக்கு நிற்கும். வெள்ளையடித்துச் சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள். மேலே கூரை கிடையாது. போட்டால் சாமிக்குப் பிடிக்காது என்பார்கள். பூசை செய்தவர் எங்கள் குடும்பத்துப் பெரியவர் ஒருவர். மந்திரம் என்று எதுவும் இல்லை. "ஏ சுடலை, பிள்ளையள காப்பாத்துப்பா" என்பதோடு சரி. கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, கிடா வெட்டு, சாராயம், சுருட்டு. ராத்திரி சாமக் கொடை முடிந்ததும் தீப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு சாமி சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போகும். நாங்கள் பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருப்போம்.

இன்றைக்கு அதே இடத்தில் கிரானைட் தரை, சிமெண்ட் கோபுரம், முறுக்கு மீசையும் வல்லயம் என்கிற ஈட்டியுமாக வண்ணம் பூசிய சிலை. பழைய பீடம் சிலைக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டது. கும்பாபிஷேகத்துக்கு வெளியூரிலிருந்து அய்யர் வந்து யாகம் வளர்த்தார். வாசலில் 'அருள்மிகு ஸ்ரீ சுடலைமாட சுவாமி திருக்கோவில்' என்று போர்டு. மும்பையில் கடை வைத்துச் சம்பாதித்த சொந்தக்காரர்கள் பணம் போட்டார்கள், உள்ளூர்க்காரர்கள் கூட்டம் போட்டோம். அந்தக் கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். கிடா வெட்டைத் தொடரலாமா, நிறுத்தலாமா என்று காரசாரமாகப் பேச்சு. கோபுரம் வைத்த கோயிலில் ரத்தம் சிந்தினால் பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்று ஒரு கட்சி. சாமி கேட்டதைக் கொடுக்காவிட்டால் வீட்டில் ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிடும் என்று இன்னொரு கட்சி. கடைசியில் சிலைக்குச் சர்க்கரைப் பொங்கல், பின்னால் உள்ள பழைய பீடத்துக்குக் கிடா என்று முடிவானது. ஆக, பெரும்பான்மைக் கருத்துப்படி எங்கள் சாமி பாதிச் சைவம் ஆனார். அவர் தரப்பு என்னவென்று யாரும் கேட்டதாக நினைவில்லை.

இப்போது வளர்ந்து வரும் பிள்ளைகளுக்கு அந்தச் சிலைதான் சுடலை, ஆதியிலிருந்தே அப்படித்தான். பெரிய மதங்களும் இதே அளவில் இதே மாதிரிதான் முளைத்தன என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் பணம், வெட்கம், பக்கத்து ஊரோடு போட்டி, பழைய பயம் எல்லாம் சேர்ந்து ஒரு சாமியின் முகத்தை மாற்றுவதைக் கண்ணால் பார்த்தவனிடம், 'எங்கள் மதம் மட்டும் வானத்திலிருந்து அப்படியே இறங்கியது' என்று யார் சொன்னாலும் எடுபடாது.

மாறுவதாவது கண்ணில் படுகிறது. ஒரு சாமி புதிதாகப் பிறப்பதற்குச் சாட்சி உண்டா என்றால், அதுவும் எங்கள் சீமையில் உண்டு. 1809-ல் வேலுத்தம்பி தளவாயின் திருவிதாங்கூர்ப் படைக்கும் கிழக்கிந்தியக் கும்பெனிப் படைக்கும் ஆரல்வாய்மொழிக் கோட்டைப் பக்கம் சண்டை நடந்தது. அதில் படுகாயம் பட்டு இறந்த போல் என்ற ஆங்கிலேயக் கேப்டனைத் திருநெல்வேலிச் சீமையில் தேரி என்கிற மணல் காட்டில் புதைத்தார்கள். கொஞ்ச காலத்திலேயே சுற்றுப்புறத்து மக்கள் அந்தக் கல்லறையில் படைக்க ஆரம்பித்துவிட்டார்கள். படையல் என்ன தெரியுமா? சாராயமும் சுருட்டும். வெள்ளைக்காரத் துரைக்கு வேறு என்ன பிடிக்கும்! இதை எழுதி வைத்தவர் இடையன்குடியில் இருந்த கால்டுவெல், 1849-ல். அவர் பாதிரியார், இதைப் பேய் வழிபாடு என்று இளக்காரமாகத்தான் எழுதினார். அந்தத் தொனியைக் கழித்துவிட்டுத்தான் படிக்க வேண்டும். ஆனால் தகவல் தகவல்தான். பேர், ஊர், வருஷத்தோடு ஒரு மனிதன், அதுவும் அந்நியன், நாற்பது வருஷத்துக்குள் சாமியாகியிருக்கிறான்.

ஏன் ஆனான்? துர்மரணம். எங்கள் பக்கத்துச் சாமிகளின் கதைகளைக் கேட்டால் பாதிக்கு மேல் இப்படித்தான்: வெட்டுப்பட்டவர்கள், ஏமாற்றப்பட்டவர்கள், அநியாயமாகச் செத்தவர்கள். பாபநாசத்துக்கு மேலே காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் சந்நிதி இருக்கிறது. நேர்த்திக்கடனாகத் தோல் செருப்பு கொண்டுவந்து கட்டித் தொங்கவிடுவார்கள். ஆடி அமாவாசைக்குப் போனால் மலை கொள்ளாத கூட்டம். வில்லுப்பாட்டில் வரும் முத்துப்பட்டன்தான் அவர். பிராமணராகப் பிறந்து, வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா மேல் ஆசைப்பட்டு, பூணூலையும் குடுமியையும் விட்டுவிட்டுச் செருப்புத் தைக்கும் குலத்தோடு சேர்ந்து, மாடு திருட வந்தவர்களோடு மோதிச் செத்தவர். கதை இதோடு நின்றால் எவ்வளவு அழகு! ஆனால் அந்தப் பெண்கள் பிறப்பில் பிராமணர்கள்தான், காட்டில் கிடந்த குழந்தைகளைப் பகடை எடுத்து வளர்த்தான் என்று ஒரு முன்கதையும் சில பாடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. யாருக்கோ அந்தக் கல்யாணம் உறுத்தியிருக்கிறது. சாமி கதையில் மனிதக் கை பட்ட தடம் இதைவிடத் தெளிவாக எங்கே கிடைக்கும்?

இந்த இடத்தில் பெரியார் அன்பர்கள் கைதட்டுவார்கள். எனக்கு அவர்களோடும் ஒரு சின்ன வழக்கு உண்டு. 'கடவுளைக் கற்பித்தவன் முட்டாள், பரப்பியவன் அயோக்கியன்' என்ற வாசகத்தில், எங்கோ ஒருவன் உட்கார்ந்து திட்டம் போட்டுக் கடவுளைச் செய்தான் என்ற நினைப்பு ஒளிந்திருக்கிறது. போல் துரையின் கல்லறையில் முதல் சுருட்டை வைத்தவனுக்கு அதில் என்ன லாபம்? ஊர் எல்லையில் ஒருத்தனைக் கொன்றவர்களும் அதைத் தடுக்காமல் பார்த்து நின்றவர்களும் ராத்திரி தூங்க வேண்டும் அல்லவா? செத்தவனுக்குக் கோபம் இருக்கும், அதைத் தணிக்க வேண்டும். குற்றவுணர்ச்சிக்கும் பயத்துக்கும் ஊர் சேர்ந்து செய்துகொண்ட ஏற்பாடு அது. பரப்பிக் காசு பார்த்தவர்கள் பின்னால் வந்தார்கள், அதை நான் மறுக்கவில்லை. அப்புறம், அநியாயமாகக் கொல்லப்பட்ட ஒருவரைக் கும்பிடுவதைக் கால்டுவெல் இளக்காரம் செய்ததுதான் எனக்கு வேடிக்கை. பாளையங்கோட்டையில் ஒரு கிறிஸ்தவ நண்பரிடம் இதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "உயிர்த்தெழுந்ததையும் சேத்துச் சொல்லும் வே" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

சரி, மதம் மனிதன் செய்ததுதான். கடவுள்?

மதத்துக்குக் கடவுள் கட்டாயம் என்றுகூட இல்லை. கழுகுமலைப் பாறையில் வரிசையாகச் செதுக்கியிருக்கும் தீர்த்தங்கரர் சிலைகளைப் பார்த்திருப்பீர்கள். பாண்டியர் காலத்தில், எட்டு ஒன்பதாம் நூற்றாண்டுகளில், அங்கே சமணம் செழித்திருந்தது. உலகத்தைப் படைத்தவன் என்று ஒருவன் இல்லை என்பது சமணர் கொள்கை. இருந்தும் அது முழு மதம்: நோன்பு, துறவு, கோயில் எல்லாம் உண்டு. அப்படியானால் எதிர்ப்பக்கமும் யோசிக்கலாம். மதங்கள் அத்தனையும் தப்பாக இருந்து, அவற்றில் எதிலும் அகப்படாத ஒரு கடவுள் இருக்கலாம். சுடலையின் பீடத்தைக் கட்டியது கொத்தனார் என்று நிரூபித்தால், பீடத்தைக் கட்டியவர் யார் என்றுதான் நிரூபித்ததாக ஆகும்.

என் சித்தப்பா ஒருவர் கோமரத்தாடி, அதாவது கொடையில் சாமி வந்து ஆடுகிறவர். கொடை அன்றைக்கு வில்லுப்பாட்டில் வரத்துப் பாட்டு தொடங்கி, மகுடம் என்கிற பறையின் சத்தம் ஏறி, ஒரு கட்டத்தில்தான் அவருக்கு அருள் வரும். அடிக்கிறவர் சுமாரான ஆள் என்றால் நேரம் இழுக்கும். ஒரு தடவை பாதிக் கொடையில் வேறு ஆளைக் கூட்டிவர ஓடினார்கள். "அப்ப சாமி வரல சித்தப்பா, மகுடம்தான் வருது" என்று நான் அவரைச் சீண்டினேன். அவர் கோபப்படவில்லை. "ஏல, கரண்டு வரதுக்கு ஒயர் வேணும்லா? ஒயர் இருக்குன்னு கரண்டு இல்லன்னு ஆயிருமா?" என்றார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட மனிதர் அவர். நம்பிக்கை மூளையில் எப்படி உண்டாகிறது என்று விளக்கிவிட்டாலே நம்பப்படும் பொருள் பொய்யாகிவிடாது என்று தத்துவ வகுப்பில் சொல்வதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனால் நான் அதோடு விடவில்லை. கரண்டு வந்தால் பல்பு எரிய வேண்டும். சித்தப்பா அருள் வந்து சொல்லும் குறிகளைக் கவனித்திருக்கிறேன். "அடுத்த கொடைக்குள்ள நல்லது நடக்கும்", "வடக்கேருந்து ஒரு சேதி வரும்". இப்படிச் சொன்னால் எல்லாருக்கும் எல்லாம் பலிக்கும். இதே சிக்கல் பெரிய இடத்திலும் உண்டு. ஆழ்வார்திருநகரி நம்மாழ்வார் பாடுகிறார்: 'உளன்எனில் உளன்அவன் உருவம் இவ்வுருவுகள், உளன்அலன் எனில்அவன் அருவம் இவ்வருவுகள்'. உண்டு என்றால் உருவமாக இருக்கிறான், இல்லை என்றால் அருவமாக இருக்கிறான். தமிழாக எடுத்துக்கொண்டால் எனக்கு உயிர். வாதமாக எடுத்துக்கொண்டால், எப்படிப் போட்டாலும் அவனே ஜெயிக்கிற ஆட்டம் இது. தோற்க வழியே இல்லாத கட்சியைச் சோதித்துப் பார்க்கவும் வழியில்லை. அப்படிப்பட்ட கடவுள் இல்லை என்று நான் நிரூபிக்க முடியாது. இருக்கிறான் என்று அவர்களும் நிரூபிக்க முடியாது. அந்தக் கடவுளோடு எனக்கு எந்த வழக்கும் இல்லை.

எனக்கு வழக்கு, கூப்பிட்டால் வருவார் என்று சொல்லப்படும் கடவுளோடுதான். 2023 டிசம்பர் 17, 18 மழையை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு மாட்டிக்கொண்டது. பக்கத்து ஊர்க்காரர்கள் இருந்த அரிசியைப் போட்டுச் சமைத்துக் கொடுத்தார்கள். எல்லாரும் பத்திரமாக மீட்கப்பட்டதும், முருகன் காப்பாற்றிவிட்டான் என்று கும்பிட்டவர்கள் எத்தனையோ பேர். சந்தோஷம். அதே மழையில் வீடு இடிந்தும் வெள்ளத்தில் போயும் செத்தவர்கள் முருகனைக் கூப்பிடவில்லையா? பிழைத்தால் அவன் அருள், செத்தால் விதி என்று கணக்கு எழுதினால் எந்தச் சாமியும் நஷ்டப்படாது. நான் கடவுள் நம்பிக்கையை விட்டதற்குப் பெரிய காரணம் இதுதான், டார்வினோ பெரியாரோ அல்ல.

இதைவிட எனக்குப் பிடித்தது திருநெல்வேலியில் தாமிரபரணியில் இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயில். ஆற்றுக்குள்ளேயே இருப்பதால் பெருவெள்ளம் வந்தால் கோயில் முங்கிவிடும். தண்ணீர் ஏறும்போதே உற்சவரைத் தூக்கிக் கரையில் இருக்கும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். கட்டிய புண்ணியவான்கள் வெள்ளம் மோதும் பக்கத்தைப் படகின் முனை மாதிரி அமைத்திருக்கிறார்கள், தண்ணீர் இரண்டாகப் பிரிந்து போய்விடும். சாமி தன்னைக் காப்பாற்றிக்கொள்வார் என்று யாரும் சும்மா இருக்கவில்லை. நம்பிக்கை உள்ளவர்கள்தான் இதையும் செய்தார்கள், அதுதான் அழகு.

"நம்பாதவன் கொடைக்கு வரி ஏன் கட்டுகிறாய்?" என்று இதற்குக் கீழே யாராவது கேட்பீர்கள். வரி தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று போடுவது. கட்டாவிட்டால் சுடலை ஒன்றும் செய்ய மாட்டார், அத்தை செய்துவிடுவார். தவிர, வரப்புத் தகராறில் வருஷம் முழுக்க முகம் பார்க்காத பங்காளிகள் மஞ்சத் தண்ணி ஊற்றிக்கொள்வது கொடையில்தான். கடவுள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது நடக்கிறது, எனக்கு அது வேண்டும்.

என் எண்ணம் மாற என்ன வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன், அதுதான் நேர்மை. நாள், ஆள், இடம் சொல்லி முன்கூட்டியே நாலு பேர் முன்னால் எழுதி வைத்த ஒரு குறி, ஊகத்தில் சொல்லியிருக்க முடியாத ஒன்று, அப்படியே பலிக்க வேண்டும். சித்தப்பாவிடமும் கேட்டுவிட்டேன். "சாமிகிட்டயே பரிச்ச வைக்கியோ?" என்றார். ஆமாம் என்றேன். அடுத்த கொடைக்குப் பார்ப்போம் என்றிருக்கிறார்.