அந்த நாற்காலியில் உங்களை யார் உட்காரச் சொன்னது?

கேள்வி: எனக்கு 36 வயது. உயிர் இயற்பியலில் முனைவர் பட்டம் முடித்து, இப்போது இரண்டாவது போஸ்ட்டாக் (பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆராய்ச்சிப் பணி) செய்கிறேன். காயம் ஆறும்போது இணைப்புத் திசுவில் இருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் எப்படி ஊர்ந்து போய் இடைவெளியை மூடுகின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. மனைவியும் வேலைக்குப் போகிறாள். நான்கு வயதில் ஒரு மகள். உதவிப் பேராசிரியர் பணிக்கு இரண்டு ஆண்டுகளாக விண்ணப்பிக்கிறேன், கிடைக்கவில்லை. மைக்ராஸ்கோப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்று வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறது. ஒரு மாதத்தில் பதில் சொல்ல வேண்டும். அதை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறாள் மனைவி. வாரத்தில் நான்கு இரவுகள் நான் லேபில்தான் இருக்கிறேன். மைக்ராஸ்கோப் தானாகவே படம் எடுத்துக்கொள்ளும் என்றாலும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன், அங்கேதான் எனக்கு நிம்மதி. எடுத்த படங்களில் பாதியைக்கூட இன்னும் அலசி முடிக்கவில்லை. மைக்ராஸ்கோப் விஞ்ஞானி எரிக் பெட்சிக் விடாப்பிடியாக நின்றதால்தான் நோபல் பரிசு வாங்கினார் என்று என்னை நானே தேற்றிக்கொள்கிறேன். குடும்பத்துக்காக அறிவியலை விட்டுவிடத்தான் வேண்டுமா? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: தம்பி, ஆராய்ச்சியா குடும்பமா என்று கேட்டு எனக்கு வரும் கடிதங்கள் கொஞ்சமல்ல. உங்கள் திறமை வீண்போகாது, காலம் கனியும் என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதைச் சொல்ல உங்களைச் சுற்றி நிறையப் பேர் இருப்பார்கள். உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுத் தாண்டிய ஒரு வரி இருக்கிறது. மைக்ராஸ்கோப் தானாகவே படம் எடுத்துக்கொள்ளும், ஆனாலும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன் என்கிறீர்கள். எதற்கு?

ஃபைப்ரோபிளாஸ்ட் செல் நகரும் வேகம் உங்களுக்குத் தெரியாததல்ல. நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமீட்டர்கூட இருக்காது. ஒரு தலைமுடியின் பருமனைக் கடக்கவே அதற்கு மணிக்கணக்கில் ஆகும். அதன் முன்விளிம்பில் ஆக்டின் என்னும் புரத இழைகள் ஓயாமல் வளர்ந்து சவ்வை முன்னே தள்ளுகின்றன, பின்பக்கம் பிடியை விட்டுச் சுருங்கி வருகிறது. அற்புதமான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் வெறும் கண்ணுக்கு அந்த நகர்வு தெரியாது. லேசர் ஒளி அதிகமாகப் பட்டால் செல் நலிந்துவிடும், நகர்வதையே நிறுத்திவிடும் என்பதால் சில நிமிடங்களுக்கு ஒருமுறைதான் படம் எடுக்கிறீர்கள். மற்ற நேரமெல்லாம் ஒளியை மூடிவைத்திருக்கிறீர்கள். அப்படியானால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் உங்கள் திரையில் இருப்பது பழைய படம். இரவு முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?

செல்கள் இருக்கும் அறை 37 டிகிரியிலும் 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடிலும் தானாகவே நிற்கிறது. ஃபோகஸ் நழுவாமல் இருக்க, அகச்சிவப்பு ஒளியை அனுப்பிக் கண்ணாடித் தகட்டின் தூரத்தை அளந்துகொண்டே இருக்கும் ஏற்பாடு உண்டு. முதல் ஒரு மணி நேரம் ஆள் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். செல்களை வைத்திருக்கும் மேடை இடம் நழுவுகிறதா, ஒளியின் அளவு செல்லுக்கு ஒத்துவருகிறதா என்றெல்லாம் பார்த்தாக வேண்டும். அதற்கப்புறம் உங்களுக்கு அங்கே என்ன வேலை? நடுராத்திரியில் அமைப்புகளில் கைவைத்தால் முன்பாதியையும் பின்பாதியையும் ஒப்பிட முடியாமல் அந்த இரவின் சோதனையே கெட்டுவிடும். தொடக்கூடாத ஒன்றின் பக்கத்தில் விடிய விடியக் காவல் இருக்கிறீர்கள்.

ரத்தத்திலிருந்து எடுத்த நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்களை வைத்து வேலை செய்பவராக இருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அவை ஃபைப்ரோபிளாஸ்ட்டைவிடப் பல மடங்கு வேகமாக ஓடும். வெளியே எடுத்த சில மணி நேரத்துக்குள் சோதனையை முடித்தாக வேண்டும், அது பகலா இரவா என்று பார்க்க முடியாது. வளரும் கருவைப் படமெடுப்பவர்களுக்கும் கருதான் நேரம் குறிக்கிறது. பகலில் மூத்தவர்கள் கருவியைப் பிடித்துக்கொள்வதால் இளையவர்களுக்கு இரவுதான் கிடைக்கிறது என்பதும் பல லேப்களில் நடப்பதுதான். சரி, மாலை ஆறு மணிக்குத் தொடங்குங்கள். ஏழரைக்கு அறையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பலாம். உங்கள் செல்களுக்கு அது போதும்.

ஆகவே உங்கள் இரவுகளை எடுத்துக்கொள்வது அறிவியல் அல்ல. அதன் பேரைச் சொல்லி நீங்கள் வீட்டைத் தவிர்க்கிறீர்கள். நான்கு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை என்ன நடக்கும் என்பது பிள்ளை வளர்த்த எல்லோருக்கும் தெரியும். பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்த ஒரு பெண், வாரத்தில் நான்கு நாள் அந்த மூன்று மணி நேரத்தையும் அதற்குப் பின் வரும் இரவையும் தனியாகச் சமாளிக்கிறார். உங்களுக்கு லேபில் கிடைக்கும் நிம்மதிக்கு விலை கொடுப்பது அவர்தான். நீங்கள் அனுப்பிய முழுக் கடிதத்தில் செல்களைப் பற்றி இரண்டு பக்கம் இருந்தது. மனைவியைப் பற்றி இருந்தது, வேலைக்குப் போகிறாள் என்பதும் இந்த வேலையை ஏற்கச் சொல்கிறாள் என்பதும்தான். அவர் என்ன வேலை செய்கிறார், எப்போது தூங்குகிறார், உங்கள் இரண்டு போஸ்ட்டாக்குகளுக்காக எதையெல்லாம் விட்டுக்கொடுத்தார் என்று ஒரு சொல் இல்லை. இது எனக்குக் கோபத்தை உண்டாக்கியது, மறைக்க விரும்பவில்லை. பிள்ளை பெற்றவர் இரவில் வீட்டில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். தவிர்க்க முடியாத வேலை இருந்தால் விதிவிலக்கு. உங்களுக்கு அப்படி எதுவும் இல்லை.

பெட்சிக்கை எதற்கு இழுத்தீர்கள்? அவர் கதையில் உங்களுக்கு வேண்டிய பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர் விடாப்பிடியாக நிற்கவே இல்லை. 1990-களின் நடுவில், நல்ல பெயர் இருந்தபோதே, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தை விட்டு வெளியேறினார். கொஞ்ச காலம் வீட்டில் இருந்து கைக்குழந்தையாக இருந்த மகளைப் பார்த்துக்கொண்டார். சாதாரண ஒளி மைக்ராஸ்கோப்பால் பிரித்துக் காட்ட முடியாத அளவுக்கு நெருங்கி இருக்கும் மூலக்கூறுகளைத் தனித்தனியாகப் பிரித்தறிவதற்கான யோசனை, மகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு நடந்தபோது தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். 1995-ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். பிறகு மிச்சிகனில் தன் தந்தையின் இயந்திரக் கருவி நிறுவனத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். பத்தாண்டுகள் கழித்து, நண்பர் ஹாரல்ட் ஹெஸ்ஸுடன் சேர்ந்து, ஹெஸ்ஸின் வீட்டு வரவேற்பறையில் அந்த யோசனைப்படி ஒரு மைக்ராஸ்கோப்பைக் கட்டினார். கட்டுரை 2006-ல் வந்தது. 2014-ல் ஸ்டெஃபான் ஹெல், வில்லியம் மோர்னர் ஆகியோருடன் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார். வீட்டுக்குப் போனால் பரிசு வரும் என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டில் இருந்த காலம் அவருடைய அறிவியலைக் கெடுக்கவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் அறிவியலை எது கெடுக்கிறது என்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எடுத்ததில் பாதியைக்கூட அலசவில்லை. பிறகு எதற்கு மேலும் மேலும் படம்? உங்கள் துறையின் தொடக்கத்தைப் பாருங்கள். 1950-களில் மைக்கேல் ஏபர்கிராம்பியும் ஜோன் ஹேஸ்மனும் கோழிக்கருவின் இதயத்திலிருந்து எடுத்த ஃபைப்ரோபிளாஸ்ட்களை இடைவெளி விட்டு விட்டுப் படமெடுத்தார்கள். பிறகு அந்தப் படச்சுருளை வைத்து ஒவ்வொரு செல்லின் வேகத்தையும் அளந்தார்கள். ஒரு செல் இன்னொன்றைத் தொட்டதும் தயங்கி நின்று திசை மாறுகிறது என்ற கண்டுபிடிப்பு அளந்ததால் கிடைத்தது. இன்று உங்கள் கருவிகள் டெராபைட் கணக்கில் படங்களைக் கொட்டுகின்றன. அளப்பது பகல் வேலை. எழுதுவதும் பகல் வேலை. இரவெல்லாம் கண்விழித்தவர் பகலில் அதை எப்படிச் செய்வார்? பேராசிரியர் பணிக்கு ஆள் எடுப்பவர்கள் நீங்கள் முடித்த கட்டுரைகளையும் இனிமேல் கேட்கப்போகும் கேள்வியையும் பார்ப்பார்கள். எத்தனை இரவு நாற்காலியில் இருந்தீர்கள் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

இனி அந்த நிறுவன வேலை. ஏற்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று உங்கள் மனைவி நம்புகிறார். இதில் அவரோடு நான் முழுதாக உடன்படவில்லை. வாங்கியவர்களின் லேப்களுக்குப் போய்க் கருவியை இயக்கிக் காட்டுவதும் பயிற்சி கொடுப்பதும்தான் இத்தகைய வேலைகளில் பெரும்பகுதி. பயணம் அதிகம். வீட்டைத் தவிர்க்க நினைக்கிறவருக்கு அங்கே விமானமும் ஓட்டல் அறையும் கிடைக்கும். எத்தனை நாள் பயணம் என்று தெளிவாகக் கேட்டு, எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள் கண்ணில் படாத இன்னொரு வேலையும் இருக்கிறது. பெரிய ஆய்வு நிறுவனங்களில் எல்லா லேப்களுக்கும் பொதுவான மைக்ராஸ்கோப் மையம் இருக்கும். அங்கே நிரந்தர விஞ்ஞானியாக இருப்பவர், வருகிறவர்களுக்கு எந்தக் கருவி பொருந்தும் என்று சொல்லி, கற்றுக்கொடுத்து, அவர்களின் கட்டுரைகளிலும் பங்கெடுக்கிறார். வேலை நேரம் பெரும்பாலும் பகல்தான். தனக்கென்று ஒரு லேப் இல்லை என்பதற்காக இதைத் தாழ்வாக நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நீங்கள் என் தம்பியாக இருந்தால் இதைத்தான் தேடச் சொல்வேன்.

பேராசிரியர் கனவை இன்றே விடச் சொல்லவில்லை. இன்னும் ஒரு சுற்று, அதுவே கடைசி. கைவசம் இருக்கும் படங்களை அலசி ஒரு கட்டுரையை முடியுங்கள், அதை வைத்து விண்ணப்பியுங்கள். முடிவு தேதியை மனைவியோடு உட்கார்ந்து குறியுங்கள், அவர் சம்மதிக்கும் தேதியாக இருக்கட்டும். இரண்டு போஸ்ட்டாக் வரை அவர் உங்களுக்குக் கொடுத்துவிட்டார். இதற்கு மேல் அவரைக் கேட்காமல் எடுத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இல்லை.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பதில் சொல்ல ஒரு மாதம் இருக்கிறதல்லவா? இந்த ஒரு மாதமும் எட்டு மணிக்குள் வீட்டில் இருங்கள். போனில் திரையைத் திறந்து செல்களை எட்டிப்பார்க்கக் கூடாது. எது ஓடியது, எது நின்றது என்று மறுநாள் காலையில் பாருங்கள். அந்த இரவுகளில் வீட்டில் உங்களுக்கு என்ன கஷ்டமாக இருக்கிறது என்று தெரியவரும். மகளைத் தூங்கவைக்கத் தெரியவில்லை என்பதாக இருக்கலாம். வேலை கிடைக்காத வெட்கத்தோடு மனைவியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்பதாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அதை அவரிடம் சொல்லுங்கள், என்னிடம் அல்ல. நிறுவனத்துக்கு என்ன பதில் எழுதுவது என்பதை அதன் பிறகு இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள்.