பேரனின் மெஷின் 'நார்மல்' என்கிறது. தாத்தாவுக்கு மேடேறினால் நெஞ்சு இறுக்குகிறது

கேள்வி: என் மகன் பெங்களூரில் இன்ஜினீயரிங் கடைசி வருடம் படிக்கிறான். டாக்டர் வசதி இல்லாத ஊர்களில் இதயக் கோளாறைக் கண்டுபிடிக்க, நண்பர்களோடு சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் சிஸ்டம் செய்திருக்கிறான். உடம்பில் மூன்று ஒயரை ஒட்டினால் லேப்டாப்பில் ஈசிஜி ஓடும். ஒரு நிமிடத்தில் 'நார்மல்' அல்லது 'அப்நார்மல்' என்று திரையில் வந்துவிடும். பொங்கலுக்கு, கிருஷ்ணகிரி மாவட்டம் தேன்கனிக்கோட்டை பக்கம் எங்கள் ஊருக்குப் போனபோது என் அப்பாவுக்குப் பார்த்தான், 'நார்மல்' என்று வந்தது. ஆனால் இரண்டு மாதமாக, மேடேறிக் கொல்லைக்குப் போகும்போது அப்பாவுக்கு நெஞ்சு இறுக்கிப் பிடித்துத் தாடை வரை வலிக்கிறது. நின்றால் ஐந்து நிமிடத்தில் விட்டுவிடுகிறது. வயது 64. பத்து வருடமாகச் சர்க்கரை உண்டு. பீடியை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. டாக்டரிடம் போகலாம் என்றால், "பேரன் மெஷினே நல்லாருக்குன்னு சொல்லிடுச்சு, அப்புறம் என்ன" என்கிறார். அதை நம்பலாமா? பெங்களூருக்குக் கூட்டி வர வேண்டுமா?
- வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: முதலில் அப்பாவைப் பார்ப்போம், மெஷின் பிறகு. மேடேறினால் வருகிறது, நின்றால் போகிறது, தாடைக்குப் பரவுகிறது, கூடவே சர்க்கரை, பழைய பீடிப் பழக்கம். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு இருக்கலாம் என்று சந்தேகிக்க இவ்வளவு போதும். இதை ஆஞ்சைனா என்போம். இந்த வாரத்துக்குள் அவரை டாக்டரிடம் காட்டியாக வேண்டும். வலி அடிக்கடி வரத் தொடங்கினாலோ, முன்பைவிடக் குறைந்த தூரத்திலேயே வந்தாலோ அன்றைக்கே காட்டுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது வந்தாலோ, நின்ற பிறகும் கால் மணி நேரமாக விடாவிட்டாலோ, வியர்த்துக் கொட்டினாலோ யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மகன் தப்பாகச் செய்துவிட்டானா என்றால், இந்த விஷயத்தில் இல்லை. ஆஞ்சைனா உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, வலி இல்லாமல் படுத்திருக்கும்போது எடுக்கும் ஈசிஜி சரியாகவே இருக்கும். பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்திருந்தாலும் அப்படியே வந்திருக்கலாம். குழாய் குறுகியிருந்தாலும் ஓய்வில் இருக்கும் இதயத்துக்கு வருகிற ரத்தம் போதும். மேடேறும்போதுதான் பற்றாக்குறை. திண்ணையில் உட்கார வைத்து எடுத்த ஈசிஜிக்கு அது எப்படித் தெரியும்?

இனி மெஷின். ஆஸ்பத்திரியில் எடுக்கும் 12 லீட் ஈசிஜிக்கு கை கால்களில் நான்கு, மார்பில் ஆறு என்று பத்து இடங்களில் ஒட்டுவோம். லீட் என்பது இதயத்தைப் பார்க்கும் ஒரு கோணம். இதயத்தின் அடிப்பகுதி சில லீட்களிலும் முன்சுவர் வேறு சில லீட்களிலும் தெரியும். மூன்று ஒயர் கருவி பெரும்பாலும் ஒரே கோணத்தைத்தான் காட்டும். துடிப்பின் வேகம், ஒழுங்கில்லாத துடிப்பு ஆகியவற்றுக்கு அது போதும். கிராமத்தில் அதுவே பெரிய உதவி. தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைப் பிடித்துவிட்டால் ஒருவருக்குப் பக்கவாதம் வராமல் தடுக்கலாம். ஆனால் மாரடைப்பு இல்லை என்று சொல்ல அந்த ஒரு கோணம் போதவே போதாது.

இன்னொரு சிக்கல், தேவையில்லாத அலைகளை வடிகட்டும் ஃபில்டரில் இருக்கிறது. மாணவர்கள் வாங்கும் சின்ன சென்சார் போர்டுகளில் கோடு ஆடாமல் அழகாக ஓட வேண்டும் என்பதற்காக 0.5 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள, மெதுவாக ஏறி இறங்கும் அலைகளை வெட்டிவிடுவார்கள் (ஹெர்ட்ஸ் என்பது ஒரு நொடிக்கு எத்தனை அலை என்ற கணக்கு). மாரடைப்பு பார்க்கும் ஈசிஜியில் 0.05 ஹெர்ட்ஸ் வரை விட்டு வைக்க வேண்டும். ஏனென்றால் எஸ்டி பகுதி என்று நாங்கள் உற்றுப் பார்க்கும் இடம் அந்த வெட்டில் மேலே கீழே நகர்ந்துவிடும். இல்லாத மாற்றம் தெரியும், இருக்கிற மாற்றம் மறையும். அதோடு லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டுக்கொண்டே எடுத்தால் கோடு முழுக்கக் கம்பளிப்பூச்சி போல மயிர் மயிராக நிற்கும். அது வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். அமெரிக்காவில் எழுதிய புரோகிராமை அப்படியே எடுத்துப் போட்டிருந்தால் அது 60 ஹெர்ட்ஸைத்தான் தேடிப் பிடித்து நீக்கும்.

'நார்மல்', 'அப்நார்மல்' என்று பிரிக்க கம்ப்யூட்டருக்கு எந்த ஈசிஜிக்களை வைத்துக் கற்றுக்கொடுத்தான் என்றும் கேளுங்கள். என்னிடம் வருகிற மாணவர்கள் பெரும்பாலும் எம்ஐடி-பிஐஎச் என்ற ஈசிஜி தொகுப்பைத்தான் காட்டுவார்கள். பாஸ்டனில் 1975 முதல் 1979 வரை 47 பேரிடம் எடுத்த, அரை மணி நேரம் ஓடும் 48 பதிவுகள். 1980-ல் வெளியானது. அருமையான தொகுப்பு, ஆனால் அது துடிப்புக் கோளாறுகளுக்காகச் சேர்த்தது. அடைப்பைக் கண்டுபிடிக்க அதில் பயின்று பயனில்லை. '99 சதவீதம் துல்லியம்' என்று போஸ்டரில் போட்டிருந்தால் இன்னொன்றையும் கேளுங்கள்: ஒரே ஆளின் துடிப்புகளில் சிலவற்றைப் பயிற்சிக்கும் மீதியைச் சோதனைக்கும் வைத்தார்களா? அப்படிச் செய்தால் மார்க் தானாக ஏறிவிடும். சோதிக்கிற ஆட்கள் முற்றிலும் வேறு ஆட்களாக இருக்க வேண்டும்.

இதையெல்லாம் சொல்வது பையனைக் கைவிடச் சொல்வதற்காக அல்ல. கிராமத்தில் ஈசிஜி எடுத்து உடனே ஒரு டாக்டரின் கண்ணுக்கு அனுப்புவது உயிர் காக்கும் வேலை. தமிழ்நாட்டில் சின்ன ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஆஸ்பத்திரியோடு இணைத்து இதைச் செய்து பார்த்த ஆய்வு 2017-ல் ஜாமா கார்டியாலஜி என்ற மருத்துவ இதழில் வந்தது. கர்நாடகத்தில் 2023-ல் தொடங்கிய ஹிருதய ஜோதி திட்டமும் அதே வழிதான். தாலுகா ஆஸ்பத்திரியில் எடுக்கும் ஈசிஜியைத் தூரத்தில் இருக்கும் இதய டாக்டர் பார்ப்பார். மாரடைப்பு என்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அங்கேயே போட்டுவிடலாம். மகனின் சிஸ்டமும் கோட்டை அனுப்புகிற வேலையைச் செய்யட்டும், தீர்ப்பை டாக்டர் சொல்லட்டும். 2020 மார்ச்சில் வந்த மத்திய அரசின் டெலிமெடிசின் வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது: செயற்கை நுண்ணறிவு டாக்டருக்கு உதவலாம், தானாக நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது. 'நார்மல்' என்ற சொல்லைத் திரையிலிருந்து எடுத்துவிட்டு, 'நடந்தால் நெஞ்சு இறுக்குகிறதா?' என்ற கேள்வியை முதல் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஆமாம் என்றால், கோடு எப்படி இருந்தாலும் டாக்டரிடம் போகச் சொல்ல வேண்டும். ஊர் ஊராகப் போய் ஆட்களுக்குப் பார்ப்பதற்கு முன் ஆய்வில் ஆட்களுக்குத் தீங்கு வராமல் பார்க்கும் எதிக்ஸ் கமிட்டியின் அனுமதியும் வேண்டும்.

பெங்களூருக்குக் கூட்டி வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். வலி இல்லாத நாளில், பகலில், தாராளமாக. 12 லீட் ஈசிஜி, எக்கோ (இதயத்தின் ஸ்கேன்), சர்க்கரை, கொழுப்பு, கிரியேட்டினின், ஹீமோகுளோபின் பார்ப்பார்கள். ட்ரெட்மில்லில் நடக்கவைத்து ஈசிஜி எடுப்பதா, ரத்தக் குழாயைப் படம் பிடிக்கும் ஆஞ்சியோவா என்பதை அதன் பிறகு இதய டாக்டர் முடிவு செய்வார். ஆனால் ராத்திரி வலி எடுத்தால் காரில் ஏற்றி அத்திப்பள்ளி தாண்டி சில்க் போர்டு சிக்னலில் நிற்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் முதலில் போக வேண்டும். தமிழ்நாட்டில் 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகளை முதல் டோஸாகக் கொடுத்து அனுப்புகிறார்கள். உங்கள் ஊருக்கு எந்த நிலையம் பக்கம், இரவில் ஆள் இருப்பார்களா என்று இன்றே விசாரித்து வையுங்கள்.

அப்பாவிடம் நீங்கள் பேசுவதைவிட மகன் பேசுவது நல்லது. "தாத்தா, நீ உட்கார்ந்திருந்தப்பதான் மெஷின் பாத்துச்சு, மேடேறும்போது பாக்கல" என்று அவனே சொல்லட்டும். கேட்டுவிட்டு அவனுக்கு வேறொரு யோசனை வரலாம்: ஒயரோடு தாத்தாவை மேட்டில் ஏற்றிப் பார்த்தால் என்ன என்று. அதை மட்டும் செய்யவே கூடாது. ட்ரெட்மில் டெஸ்டை ஆஸ்பத்திரியில், பக்கத்தில் டாக்டரும் ஷாக் கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டரும் தயாராக இருக்கும்போதுதான் செய்வோம். இப்படிப் புதிதாக வலி தொடங்கியவர்களில் சிலருக்கு அங்கேகூடச் செய்ய மாட்டோம். டாக்டரைப் பார்க்கும் வரை அப்பா மேடேறிக் கொல்லைக்குப் போக வேண்டாம்.